கிராப் சென்சார் கேமராவுக்கு எந்த அகலக்கோண ஜூம்? டோக்கினா 11-16, கேனான் 10-18: பத்தாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், நடு விமானத்துக்கும் அதைச் சுற்றி மதிலோடு ஒட்டி நிற்கும் 58 சிற்றாலயங்களுக்கும் இடையே உள்ள நடைபாதை மிகக் குறுகியது. முதுகு மணற்கல்லில் முட்டும் வரை பின்னால் நகர்ந்தும், கேமராவோடு வந்த கிட் லென்ஸின் 18 மி.மீ.இல் விமானத்தின் ஒரு பக்கம்கூட முழுதாக அடங்கவில்லை. அன்று கையில் இருந்தது கேனான் 700டி. அந்த ஏமாற்றத்தோடு ஊர் திரும்பி, 2014 தொடக்கத்தில் டோக்கினா 11-16 மி.மீ. எஃப்/2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பை வாங்கினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ பாதி விலைக்குக் கிடைத்த கேனான் 10-18 மி.மீ. எஃப்/4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸையும் வாங்கினேன் ('ஐஎஸ்' என்பது கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அதிர்வுத் தடுப்பு). இரண்டையும் ஒரே பையில் பல ஆண்டுகள் சுமந்ததில் தெரிந்துகொண்டவற்றை, இதே தேர்வில் தடுமாறுபவர்களுக்காக எழுதுகிறேன்.

கேனானின் கிராப் சென்சார், 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரைவிடச் சிறியது; ஏறத்தாழ 22.3 மி.மீ. அகலம் கொண்டது. எனவே குவியத் தூரத்தை (லென்ஸின் மி.மீ. எண்; அது குறையக் குறையக் கோணம் அகலும்) 1.6ஆல் பெருக்கினால்தான் அது ஃபுல் ஃபிரேம் கேமராவில் எதற்கு நிகர் என்பது தெரியும்: 18 மி.மீ. என்பது 28.8 ஆகிறது, 11 என்பது 17.6, 10 என்பது 16. நிக்கானிலும் சோனியிலும் இந்தப் பெருக்கம் 1.5. தொலைநோக்கு லென்ஸ்களில் 200க்கும் 210க்கும் இடையே வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது; அகலக்கோணப் பக்கத்திலோ ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கில் வரும். மூலைவிட்டக் கோணம் 18 மி.மீ.இல் ஏறத்தாழ 74 பாகை, 11இல் 101 பாகை, 10இல் 107 பாகை. கடையில் நின்றபோது '10ஆ 11ஆ' என்ற கேள்வி அற்பமாகத் தோன்றியது. குறுகிய அறைக்குள் நின்றபோது அப்படித் தோன்றவில்லை.

அன்று நான் ஒப்பிட்டுப் பார்த்தவை கேனானின் 10-22, சிக்மாவின் 10-20, டாம்ரானின் 10-24, டோக்கினாவின் 11-16 ஆகியவைதாம். மற்ற மூன்றும் வீச்சில் அகலமானவை, துளையில் சிறியவை (எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழையும் துளை பெரிதாகும்). அவற்றுள் டோக்கினா ஒன்றே முழு வீச்சிலும் எஃப்/2.8 தந்தது. பெரிய துளை உள்ள லென்ஸே உயர்ந்த லென்ஸ் என்று அப்போது நான் நம்பியிருந்ததால், வேறு யோசனையின்றி அதையே எடுத்தேன். அந்த நம்பிக்கையில் பாதி சரி, பாதி பிழை என்று உணர இரண்டு ஆண்டுகள் ஆயின.

முதல் பிழை, இத்தகைய லென்ஸ் எதற்காக என்பதிலேயே இருந்தது. பெரிய கோபுரத்தையும் விமானத்தையும் முழுதாக அடக்குவதற்காக என்று நினைத்துத்தான் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அதைக் கொண்டுபோனேன். கேமராவை அண்ணாந்து பிடித்தபோது விமானம் பின்னோக்கிச் சாய்ந்து விழுவதைப் போலப் பதிவாயிற்று. அந்தச் சாய்வைத் தவிர்க்கக் கேமராவைத் தரைக்கு இணையாகப் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ 66 மீட்டர் உயர விமானத்தை அவ்வாறு செங்குத்துப் படத்தில் அடக்க, உச்சியின் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து 10 மி.மீ.இல் சுமார் 58 மீட்டரும், 11 மி.மீ.இல் 64 மீட்டரும், 18 மி.மீ.இல் 104 மீட்டரும் தள்ளி நிற்க வேண்டும் என்பது எளிய முக்கோணக் கணக்கு. அப்படி எடுத்த படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வெறும் தரை. அதை வெட்டி எறிந்தால் 700டியின் 18 மெகாபிக்சலில் மிஞ்சுவது ஒன்பதுதான். பெரிய கோயிலின் திறந்த வெளியில் பின்னால் நகர இடம் தாராளமாக இருக்கிறது. அங்கு நான் எடுத்தவற்றில் இன்றும் எனக்குப் பிடித்தவை கிட் லென்ஸில் எடுத்தவையே. கணினியில் சாய்வைத் திருத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் திருத்தும்போது மேல்பகுதியை இழுத்து விரிக்க வேண்டியிருப்பதால், நுணுக்கம் மிகுதியாகத் தேவைப்படும் சிகரமே மங்கிப்போகிறது.

இந்த வகை லென்ஸுக்கு உரிய இடம் நெருக்கம். பொருளை ஒட்டி நின்று, அதன் பின்னால் இருக்கும் இடத்தையும் சேர்த்துக் காட்டும்போதுதான் அதன் வலிமை தெரிகிறது. செட்டிநாட்டு வீடொன்றின் வாசலில், கோலத்துக்கு மேலே கேமராவைத் தாழ்த்திப் பிடித்து, கோலத்தின் புள்ளிகள் கைக்கெட்டும் அளவில் பெரிதாகவும், அவற்றுக்கு அப்பால் நிலைக்கதவும் முகப்பும் வளவும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே உள்ளே போவதாகவும் எடுத்த படம் எனக்கு இதைக் கற்றுத்தந்தது. முன்னால் ஒன்றும் இல்லாமல் தொலைவில் உள்ள மலைத்தொடரை 10 மி.மீ.இல் எடுத்துப் பாருங்கள். மலை வரப்பளவு ஆகிவிடும்.

நெருக்கம்தான் காரியம் என்றால், எவ்வளவு அருகில் குவியும் என்பதே முதன்மையான அளவாகிறது. டோக்கினா 30 செ.மீ. வரை குவியும், கேனான் 10-18 22 செ.மீ. வரை குவியும். இந்தத் தூரம் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. லென்ஸின் நீளத்தையும் கேமராவின் தடிமனையும் கழித்தால், கேனானில் முன்கண்ணாடிக்கும் பொருளுக்கும் இடையே மிஞ்சுவது ஏறத்தாழ 10 செ.மீ.; டோக்கினாவில் அது 17 செ.மீ.ஐ நெருங்கும். தரையில் கிடக்கும் ஒரு பூ, கேனானில் படத்தின் நாயகனாகிறது. டோக்கினாவில் அது தரையின் ஒரு பகுதியாகவே இருந்துவிடுகிறது. விளம்பரத்தில் எவரும் கவனிக்காத இந்த 8 செ.மீ. வேறுபாட்டுக்காகவே நான் பல நாட்கள் டோக்கினாவை வீட்டில் விட்டுச் சென்றிருக்கிறேன்.

எடை இன்னொரு காரணம். டோக்கினா 550 கிராம் அளவில் உலோக உறுதியோடு கையில் அமரும். கேனான் 240 கிராம். கேமராவோடு பொருந்தும் வளையம்கூடப் பிளாஸ்டிக். வாங்கிய நாளில் அந்தப் பிளாஸ்டிக் வளையத்தைப் பார்த்து மனம் சற்றுச் சுருங்கியது உண்மை. எத்தனையோ பேருந்துப் பயணங்களுக்குப் பிறகும் அதில் ஆட்டமோ தேய்மானமோ இல்லை. இவ்வளவு எடை குறைந்த லென்ஸில் உலோகம் இல்லாதது குறையே அன்று என்பது இன்றைய என் கருத்து. பக்க வெளிச்சத்தை மறைக்கும் ஹூடைப் பெட்டியில் வைக்காமல் தனியாக விற்பதைத்தான் இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி, எஃப்/2.8ஆ அதிர்வுத் தடுப்பா என்ற கேள்வி. இந்த இரு லென்ஸ்களுக்கும் இடையிலான உண்மையான தேர்வு இதுதான். மதுரை திருமலை நாயக்கர் மகாலின் நாடகசாலையில், வெளிச்சம் இறங்கிய ஒரு பிற்பகலில், ஒரே இடத்தில் நின்று இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். டோக்கினாவில் எஃப்/2.8 வைத்து, கை நடுக்கம் தெரியாமல் என்னால் எடுக்க முடிந்த மிகக் குறைந்த வேகம் 1/15 நொடி. அதற்கு ஐஎஸ்ஓ 1600 தேவைப்பட்டது (ஐஎஸ்ஓ என்பது ஒளியுணர்திறன் அளவு; அது ஏற ஏறப் படத்தில் இரைச்சல் மிகும்). கேனானில் எஃப்/4.5 என்றாலும், அதிர்வுத் தடுப்பின் துணையோடு 1/3 நொடி வரை இறங்க முடிந்தது. பத்துப் படங்களில் ஏழெட்டு கூர்மையாகவே இருந்தன. ஐஎஸ்ஓ 800 போதுமானதாயிற்று. நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு ஒளி) அளவுக்கு உதவும் என்று நிறுவனம் சொல்வதை நான் முழுதாக எதிர்பார்ப்பதில்லை. இரண்டரை கிடைத்தாலே, அசையாத தூண்களைப் பொறுத்தவரை, சிறிய துளை உள்ள லென்ஸ் பெரிய துளை உள்ள லென்ஸை வென்றுவிடுகிறது. ட்ரைபாடுக்குத் தனி அனுமதி கேட்கும் தொல்லியல் துறை இடங்களில் இந்த வெற்றி சிறிதன்று.

ஆனால் அதே 1/3 நொடியில், தூணுக்கு அருகே நடந்துபோன ஒரு பெண்மணி புகைபோல் கரைந்துபோனார். அதிர்வுத் தடுப்பு என் கையைத்தான் நிறுத்தும், அவரை நிறுத்தாது. திருமண வீட்டிலும், இரவுச் சாமி புறப்பாட்டிலும், வேடம் கட்டி ஆடும் கூத்திலும் குறைந்தது 1/60 நொடியாவது வேண்டும். அங்கே எஃப்/2.8 தரும் ஒளி, எஃப்/4.5 தருவதைப் போல இரண்டரை மடங்கு. 10-18ஐ 18 மி.மீ.க்குத் திருப்பினால் அதன் துளை எஃப்/5.6 ஆகச் சுருங்கி, இடைவெளி நான்கு மடங்காகிறது. கிராப் சென்சாரில் அது ஐஎஸ்ஓ 1600க்கும் 6400க்கும் உள்ள வேறுபாடு. அத்தகைய இரவுகளில் டோக்கினாவுக்கு ஈடாக வேறெதையும் நான் கண்டதில்லை.

விண்மீன்களும் நகர்பவைதாம். காவலூர் வானாய்வகம் அமைந்திருக்கும் ஜவ்வாது மலைப் பகுதியில், ஏப்ரல் மாத விடியலுக்கு முன் பால்வீதியை எடுத்தபோது, டோக்கினாவில் 11 மி.மீ., 20 நொடி, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200 என்பது என் வழக்கமான அமைப்பு. அதே ஒளியைக் கேனானில் பெற ஐஎஸ்ஓ 8000 வரை ஏற வேண்டும். டோக்கினாவும் குறையற்றதன்று: எஃப்/2.8இல் மூலைகளில் உள்ள விண்மீன்களுக்குச் சிறகு முளைத்ததைப் போன்ற ஒரு நீட்சி தெரியும். முடிவிலிக் குறியை நம்பி வளையத்தைத் திருப்பினால் படம் தவறிவிடும். நேரலைத் திரையில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பெரிதாக்கிக் குவித்த பின், வளையத்தின் மீது நாடா ஒட்டிவைத்துவிடுவேன். கேனானிலோ தூர அளவுகோலே கிடையாது. குவிய வளையமும் மின்மோட்டார் வழியாகவே இயங்குவதால், இருட்டில் விரல் தடவி இடம் அறிய வழியில்லை.

பகல் வெளிச்சத்தில் நிலைமை மீண்டும் தலைகீழாகிறது. வெண்மேகத்துக்கு எதிரே கோபுரத்தின் விளிம்புகளையோ தென்னங்கீற்றுகளையோ எடுத்தால், டோக்கினா ஊதா நிறக் கரையை மிகத் தாராளமாகத் தீட்டிவிடும். சூரியன் சட்டகத்துக்கு அருகே வந்தால் ஒளிப்பொட்டுகள் வரிசைகட்டும். கேனானில் இவ்விரண்டும் மிகக் குறைவு. எஃப்/8இல் இரண்டின் கூர்மையும் என் கண்ணுக்கு ஒன்றே. மூலைக் கூர்மையைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளைப் படித்துத் தூக்கம் கெட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அச்சிட்ட படத்தில் அதை எவரும் என்னிடம் கேட்டதில்லை. மேலும் 10 மி.மீ., எஃப்/8 என்ற அமைப்பில் சுமார் 70 செ.மீ.இல் குவித்துவிட்டால், 35 செ.மீ. முதல் அடிவானம் வரை அனைத்தும் போதிய தெளிவோடு இருக்கும். தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு நாள் முழுவதும் இப்படியே எடுத்திருக்கிறேன்.

நண்பர் ஒருவர் தம் சிக்மா 8-16ஐ இரண்டு வாரங்கள் தந்தார். 8 மி.மீ. என்பது கேனானில் 12.8க்கு நிகர், கைலாசநாதர் கோயிலின் நடைபாதை முதன்முறையாக அகலமாகத் தெரிந்தது. ஆனால் குமிழ்போல் புடைத்த முன்கண்ணாடியில் ஃபில்டர் மாட்ட முடியாது. எந்நேரமும் அதைக் காக்கும் கவலையே பெரிதாயிற்று. படத்தின் ஓரத்தில் நின்ற என் மாமாவின் தலை பூசணிக்காயாக நீண்டதை அவர் இன்னும் மறக்கவில்லை. இந்த ஓர விரிவு 10 மி.மீ.இலும் உண்டு, குழுப் படங்களில் ஆட்களை நடுவில் நிறுத்தி, ஓரங்களைச் சுவருக்கும் மரத்துக்கும் விட்டுவிடுவதே வழி. பிரதிபலிப்பைக் குறைத்து வானத்தைக் கருக்கும் போலரைசர் ஃபில்டரை மாட்டினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலத் திட்டாகிவிடும். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷைப் போட்டால் படத்தின் அடியில் லென்ஸின் நிழல் விழும். இரண்டையும் மறந்துவிடலாம்.

2019 மழைக்காலத்தில் டோக்கினாவைத் துணிப்பைக்குள் வைத்து அலமாரியில் மறந்துவிட்டேன். பிழை முற்றிலும் என்னுடையது. உள்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்தது. சுத்தம் செய்த பிறகும் ஒளிக்கு எதிரே எடுத்த படங்களில் ஒளி-இருள் மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தே இருந்தது. 2021இல் அந்தக் குறையைச் சொல்லியே குறைந்த விலைக்கு விற்றேன். அதன் பிறகு, இப்போது நான் வைத்திருக்கும் கேனான் 80டி கேமராவில் 10-18 மட்டுமே இருக்கிறது. காற்றுப்புகாப் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு. கோயில்களையும் பழைய வீடுகளையும் பொறுத்தவரை நான் எதையும் இழக்கவில்லை. கூத்து எடுக்கப் போவதைத்தான் ஏறக்குறைய நிறுத்திவிட்டேன்.

கண்ணாடியில்லாக் கேமராக்கள் (மிரர்லெஸ்) வந்த பிறகு இந்தத் தேர்வு பழங்கதையாகிவிட்டது என்று சிலர் சொல்வது சரியன்று. கேனானின் ஆர்எஃப்-எஸ் 10-18 எஃப்/4.5-6.3, 150 கிராம் எடையில் அதிர்வுத் தடுப்போடு 2023இல் வந்தது. அதே ஆண்டு வந்த சிக்மா 10-18 எஃப்/2.8, 260 கிராம் அளவில், அதிர்வுத் தடுப்பு இல்லாமல் வந்து, 2024இல் கேனானின் ஆர்எஃப் மவுண்டுக்கும் (அந்நிறுவனத்தின் கண்ணாடியில்லாக் கேமராக்களில் லென்ஸ் பொருந்தும் அமைப்பு) கிடைத்தது. பெயரில் எண்கள் ஒன்றே, கேள்வியும் பழையதே. கேமராவின் உடலிலேயே அதிர்வுத் தடுப்பு உள்ள ஆர்7 வைத்திருப்பவர் சிக்மாவை எடுத்து இரண்டு நன்மைகளையும் பெறலாம். ஆர்50, ஆர்10 போன்றவற்றில் அந்த வசதி இல்லை. சென்ற மாதம் என் தங்கை மகன் ஆர்50 வாங்கிவிட்டு, "மாமா, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான். எதைப் படம் எடுக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, ஊர்த் திருவிழாவில் இரவுக் கரகாட்டம் என்றான். சிக்மாவை எடுக்கச் சொன்னேன். அவன் வாங்கியதும் ஒரு வாரம் இரவல் கேட்டிருக்கிறேன்.