திரவ ஃபியூஸ்: காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் 19 ஆண்டுகள்

சென்ற வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். முன்பு என்னிடம் உதவியாளராக இருந்தவர். இப்போது சிறு தொழிற்சாலைகளின் எச்.டி. (உயர் மின்னழுத்த) பராமரிப்பை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்கிறார். ஜார்ஜ் டவுனில் பழைய மின்சாதனங்கள் விற்கும் கடை ஒன்றில் 11 கேவி (11,000 வோல்ட்) திரவ ஃபியூஸ்கள், அதாவது கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும், திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் ஆறு, பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றனவாம். கடைக்காரர் முதலில் சொன்ன விலையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டாராம். "எடுத்து வச்சுக்கவாண்ணே?" என்றார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அன்று இரவு படுத்த பிறகுதான், 19 ஆண்டுகள் என் டிரான்ஸ்பார்மரைக் காத்த ஒரு சாதனத்தைப் பற்றி அவ்வளவு சுருக்கமாகப் பேச எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. என்னளவு அதைத் திட்டியவரும் இந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

1998-இல் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கம்பெனியில் மின் மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். அம்மோனியா கம்ப்ரசர்கள், 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர், முற்றத்தில் டிபி ஸ்ட்ரக்சர் (இரட்டைக் கம்ப அமைப்பு), அதில் செங்குத்தாக மூன்று கண்ணாடிக் குழாய்கள்; அவைதான் திரவ ஃபியூஸ்கள். முழுச் சுமையில் 11 கேவி பக்கம் 13 ஆம்பியர்தான் ஓடும். ஆனாலும் ஃபியூஸ் 25 ஆம்பியர். சுவிட்ச் போட்ட கணத்தில் டிரான்ஸ்பார்மர் இழுக்கும் காந்தமாக்க மின்னோட்டம் முழுச் சுமையைப் போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு வரை எழும், அதை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் உருகாமல் தாங்க வேண்டும் என்பதால் அப்படி வைப்பார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரிந்ததே.

அந்தக் குழாய்களை முதன்முதலில் இறக்கிப் பார்த்த நாளில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை இன்றும் மறைக்க விரும்பவில்லை. உள்ளே இருப்பவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. மேல் முனையில் வெள்ளி உருகுகம்பி. அதன் பக்கத்திலேயே, இழுவையைத் தாங்குவதற்காக, உறுதியான இன்னொரு மெல்லிய கம்பி. கீழ் முனையிலிருந்து மேலே விறைப்பாக இழுத்து மாட்டிய பாஸ்பர் பிரான்ஸ் ஸ்பிரிங். இரண்டுக்கும் இடையில் துளையிட்ட ஒரு தடுப்பு. சுற்றிலும் தண்ணீரைப் போலத் தெளிந்த கார்பன் டெட்ராகுளோரைடு. வெள்ளி நன்றாக மின்சாரம் கடத்தும், ஆனால் ஸ்பிரிங்கின் இழுப்பைத் தாங்காது. தாங்குகம்பி இழுப்பைத் தாங்கும், ஆனால் மின்தடை அதிகம் என்பதால் சாதாரண நாளில் அதன் வழியே மின்சாரம் பெயரளவுக்குத்தான் போகும். கோளாறு வந்து வெள்ளி உருகியதும் மின்னோட்டம் முழுவதும் தாங்குகம்பியின் மேல் விழுகிறது; அதுவும் உடனே உருகுகிறது; அதுவரை அடக்கி வைத்திருந்த ஸ்பிரிங் சுருண்டு, அறுந்த முனையைத் தடுப்பின் துளை வழியாகத் திரவத்தின் ஆழத்துக்கு இழுத்துப் போகிறது. ஆர்க் (அறுந்த முனைகளுக்கு இடையே தாவும் மின்பொறி) எழுந்த இடத்தில் பிறக்கும் வாயுவே திரவத்தைத் துளைக்குள் தள்ளி, அந்த ஆர்க்கை அணைக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியை (பூஜ்யத்தை) தொடுகிறது. அப்படி ஒரு சுழியில் ஆர்க் அடங்கிய பின் மீண்டும் மூளாதபடி இடைவெளி போதிய நீளத்தில், போதிய குளிர்ச்சியில் இருந்தால் வேலை முடிந்தது. 1911-இல் சிகாகோவில் ஷ்வைட்சர், கான்ராட் என்ற இருவர் இத்தகைய ஃபியூஸுக்காகவே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். தன்னை அழிக்கும் வாயுவையே தனக்குக் கருவியாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம், அந்த இருவரையும் ஒரு நாள் காசிமேட்டுக்கு அழைத்து வந்து வஞ்சிரக் குழம்புச் சோறு போட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இரவுப் பணியில் இருப்பவனுக்கு இதில் இன்னொரு சுகமும் உண்டு. மூன்று பேஸில் ஒன்று போய், கம்ப்ரசர் மோட்டார் மிச்ச இரண்டு பேஸில் முனகத் தொடங்கினால், அதை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு ஓடி டார்ச் அடித்தால் போதும். எந்தக் குழாயில் ஸ்பிரிங் அடியில் சுருண்டு திரவம் கறுத்திருக்கிறதோ அதுதான் போனது. மெகர் என்ற சோதனைக் கருவி தேவையில்லை, ஊகம் தேவையில்லை.

இனி என் கோபம். அது ஆர்க் பற்றியதும் அல்ல, ஸ்பிரிங் பற்றியதும் அல்ல, மூடி பற்றியது. இந்தச் சாதனத்தின் உயிர் அதன் திரவ மட்டத்தில் இருக்கிறது. மட்டம் இறங்கினால் தடுப்பு வறண்டுவிடும், இழுபட்ட முனை மூழ்க வேண்டிய ஆழம் இல்லாமல் போகும், ஆர்க்கை நோக்கித் தள்ளப்படத் திரவமே இருக்காது. மட்டம் இறங்கிய ஃபியூஸ் 13 ஆம்பியரை ஒரு குறையும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் என்பதுதான் கொடுமை. அதன் குறை தெரியும் நாள், அது நமக்குத் தேவைப்படும் அந்த ஒரே நாள்.

கார்பன் டெட்ராகுளோரைடு 76.7 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம். 25 டிகிரியில் அதன் ஆவி அழுத்தம் சுமார் 115 மில்லிமீட்டர் பாதரசம். 50 டிகிரியில் அது 300-ஐத் தாண்டும். வெப்பத்தால் விரிவதிலும் அது வேகமானது: ஒவ்வொரு டிகிரிக்கும் கன அளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் 1.2 பங்கு. மார்கழி விடியலில் 25 டிகிரியில் இருக்கும் குழாய், சித்திரை வெயிலில் 55 டிகிரியைத் தொடும் என்று வைத்துக்கொண்டால், 300 மில்லிமீட்டர் திரவத் தூண் 11 மில்லிமீட்டர் உயரும். அதற்கு மேலே காலி இடம் விட்டாக வேண்டும். கூடுதலாக விட்டால் மேல் முனையில் இருக்கும் உருகுகம்பிக்கும் திரவத்துக்கும் தூரம் கூடிவிடும். குறைத்து விட்டால் வெயில் நாளில் அழுத்தம் தாங்காமல் மூடி பிதுங்கும். இந்தச் சில மில்லிமீட்டர்களில்தான் வடிவமைப்பாளரின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். மூடியில் முடி அளவு வழி கிடைத்துவிட்டால் குழாய் மூச்சு விடத் தொடங்கிவிடும்: பகலில் ஆவி வெளியே, இரவில் கடற்காற்று உள்ளே. ஈரமில்லாத கார்பன் டெட்ராகுளோரைடு உலோகத்துக்குச் சாதுவானது. ஈரம் சேர்ந்தால் மெல்ல ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகி ஸ்பிரிங்கை அரிக்கும்.

எங்கள் மூன்று குழாய்களும் இப்படி மூச்சுவிட்டன. ஒவ்வொரு கோடையிலும் ஒன்றில் மட்டம் குறியீட்டுக்குக் கீழே போகும். ஏபி சுவிட்சை (லைனைத் துண்டிக்கும் கம்பத்துச் சுவிட்ச்) திறந்து, எர்த் ராடு மாட்டி, குழாயை இறக்கி, கேஸ்கட்டை மாற்றி, திரவம் ஊற்றி, திரும்ப ஏற்றினால் அரை நாள் உற்பத்தி போய்விடும். படகுகள் வரிசையில் நிற்கும்போது ஐஸ் இல்லை என்று சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழும். அந்தத் திரவத்தின் இனிப்பு கலந்த நெடி ஈரலைக் கெடுக்கும் என்பதால் கைப்பையனை விலகி நிற்கச் சொல்லிவிட்டு நானே மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஊற்றுவேன். அந்த ஆவிக்கு முன்னால் துணி ஒரு பாதுகாப்பே அல்ல என்று பின்னாளில் அறிந்தேன். கேஸ்கட் விற்றவரை மூன்று முறை மாற்றினேன். அவர்களில் ஒருவரிடம் நான் பேசிய பேச்சுக்கு இன்று வெட்கப்படுகிறேன். ஏன் என்று கீழே வருகிறது.

2010-க்குப் பிறகு நிலைமை முற்றிவிட்டது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் பொருள் என்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இத்தகைய பயன்பாட்டுக்கான கார்பன் டெட்ராகுளோரைடு நம் நாட்டிலும் அந்த ஆண்டோடு நிறுத்தப்பட்டது. கையிருப்பில் இரண்டு கேன்கள் இருந்தன. அவற்றை மருந்துபோல் அளந்து ஊற்றி ஆறு ஆண்டுகள் ஓட்டினேன். அப்போதே கழற்றியிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தது. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. லைன் வந்ததும் சுவிட்சைப் போட்டோம். டிரான்ஸ்பார்மரின் எச்.டி. புஷிங் (கம்பி நுழையும் பீங்கான் காப்பு) ஒன்றில் உப்பும் ஈரமும் படிந்திருந்ததைத் துடைக்காமல் விட்டது எங்கள் பிழை. சில நிமிடங்களில் அதன் மேல் பொறி பறந்து ஷார்ட் ஆனது. அந்த பேஸின் ஃபியூஸில் திரவம் பாதிதான் இருந்தது. ஸ்பிரிங் தன் கடமையைச் செய்தது. ஆனால் அது இழுத்துப் போன இடத்தில் அணைப்பதற்கு எதுவும் இல்லை. குழாய் வெடித்து முற்றம் முழுவதும் கண்ணாடி சிதறியது. துணை மின்நிலையத்தின் பிரேக்கர் விழுந்துதான் ஆர்க் அடங்கியது. இந்தத் திரவம் ஆர்க்கின் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும் என்பதால் ஒரு மணி நேரம் யாரையும் முற்றத்துக்குள் விடவில்லை.

மறுநாள் சிதறிய துண்டுகளைப் பொறுக்கியபோது அந்த பித்தளை மூடி கையில் கிடைத்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். குழாயைப் பற்றிப்பிடிக்க அழுத்தி வளைத்த விளிம்பில், பச்சைக் களிம்புக்கு அடியில், முடியைவிட மெல்லிய கீறல்கள் வரிசையாக ஓடின. மற்ற இரண்டு குழாய்களை இறக்கினால் அவற்றிலும் அதே கீறல்கள். கேஸ்கட் மேல் ஒரு குற்றமும் இல்லை. அழுத்தி உருவாக்கிய பித்தளையில் அழுத்தத்தின் மிச்சம் உள்ளேயே தங்கியிருக்கும். அதன் மீது ஈரமும் அம்மோனியாவும் பட்டால் அது தானாகவே விரிசல் விடும். ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களை ஒட்டி வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் விரிசல் விட்டதற்கும் இதே அம்மோனியாதான் காரணம். எங்கள் கம்ப்ரசர் அறையில் காற்றை வெளியேற்றும் ஒவ்வொரு முறையும் முற்றத்தில் கண் எரியும். அந்தக் காற்றுதான் இத்தனை ஆண்டுகளாக அந்த மூடிகளைத் தின்றது.

ஆகவே ஃபியூஸைச் செய்தவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். தன் சாதனம் ஓர் ஐஸ் கம்பெனியின் முற்றத்தில் தொங்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. வளைத்த மூடிகளை 250 முதல் 300 டிகிரி வரை சூடாக்கி ஆறவிட்டிருந்தால் உள் அழுத்தம் தணிந்திருக்கும்; அது செலவு வைக்கும் வேலை அன்று. ஸ்பிரிங்குக்கும் தடுப்புக்கும் கொடுத்த மூளையில் பத்தில் ஒரு பங்கை மூடிக்கும் கொடுத்திருக்கலாம். இன்று யாராவது இத்தகைய ஃபியூஸைப் புதிதாக வடிவமைக்க முனைந்தால், திரவத்தை மாற்றியே ஆக வேண்டும் என்பது தெரிந்த சங்கதி. எண்ணெய் ஆர்க்கை நன்றாக அணைக்கும், ஆனால் எரியும். எரியாமலும் இருந்து எலக்ட்ரான்களை விழுங்கும் குளோரினையும் தன்னுள் வைத்திருந்ததுதான் பழைய திரவத்தின் சிறப்பு. ஆயினும் என்னைக் கேட்டால், முதல் வரைபடத்தை மூடியிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

2017 தொடக்கத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, லோடு பிரேக் சுவிட்சோடு (சுமை ஓடும்போதே திறக்கக்கூடிய சுவிட்ச்) கூடிய, மணல் நிரப்பிய எச்ஆர்சி (உயர் துண்டிப்புத் திறன்) ஃபியூஸ் போட்டோம். நியாயமாகச் சொன்னால் அது எல்லா வகையிலும் மேலானது. பெரிய கோளாறு மின்னோட்டம் தன் முதல் உச்சத்தைத் தொடும் முன்பே வெட்டிவிடுகிறது. திரவ ஃபியூஸ் சுழி வரும்வரை காத்திருக்கும். ஒரு பேஸில் ஃபியூஸ் போனால் அதன் ஸ்டிரைக்கர் பின் என்ற முள் பாய்ந்து, சுவிட்சைத் தட்டி மூன்று பேஸையும் திறந்துவிடுகிறது. எனவே மோட்டார் இரண்டு பேஸில் முனகுவது என்பதே இல்லை. திரவ ஃபியூஸின் துண்டிக்கும் திறனாகப் பாடநூல்கள் தருவது 6,100 ஆம்பியர் அளவு. 11 கேவியில் அது சுமார் 116 எம்விஏ. 250 எம்விஏ கோளாறு மட்டமுள்ள (ஷார்ட் ஆனால் லைன் அவ்வளவு திறனைக் கொட்டக்கூடிய) இடத்தில் 13,000 ஆம்பியருக்கு மேல் வரும். அங்கே அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு இடமே இல்லை. இவ்வளவும் தெரிந்தும், அந்த வெள்ளைப் பீங்கான் உருளையைப் பார்க்கும்போது எனக்கு ஒட்டவில்லை. நல்லதும் ஓய்ந்துகொண்டிருப்பதும் ஒரே முகத்தோடு நிற்கின்றன. உள்ளே உருகுபட்டை பாதி தேய்ந்திருந்தாலும் அது வாய் திறக்காது. பழையது தன் நோயைக் கண்ணாடி வழியே காட்டியது. பார்த்தும் காலம் கடத்தியவன் நான்தான்.

மதிப்பெண் கேட்டால் பத்துக்கு மூன்று. அந்த மூன்றும் ஸ்பிரிங்குக்கு.

கழற்றிய குழாய்களையும் மிச்சமிருந்த திரவத்தையும் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பி ரசீது வாங்கி வைத்திருக்கிறோம். சாக்கடையில் ஊற்றுவதற்கு அது தண்ணீர் அல்ல. எனவே தம்பியிடம் நேற்று மறுபடி பேசியபோதும், அந்த ஆறில் ஒன்றைக்கூட எந்த லைனிலும் மாட்டக் கூடாது என்பதில் மாற்றமில்லை என்று சொன்னேன். பிறகு, கடைப் பக்கம் போக நேர்ந்தால் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் போய் ஆறு மூடிகளின் விளிம்பையும் நிதானமாகப் பார்க்கச் சொன்னேன். அதில் ஒன்றாவது கீறல் இல்லாமல், மட்டம் குறியீட்டில் இருந்தால், கடைக்காரர் என்ன விலை சொல்கிறார் என்று எனக்கு மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.