ஸ்மித்ஃபீல்டிலிருந்து டவர் ஹில் வரை: எலிசபெத்தின் எதிரிகளைப் பின்தொடரும் ஒரு லண்டன் நடைப்பயணம்

நம் பள்ளிப் பாடநூல்களில் முதலாம் எலிசபெத் பெரும்பாலும் ஒரே வரியில் வந்து போய்விடுவார். 1600 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் வழங்கிய அரசி என்பதோடு அவர் கதை முடிந்துவிடும். அதற்கு முந்தைய 42 ஆண்டுகளில் அவர் அரியணையில் நிலைத்திருந்ததே பெரும்பாடு என்பதையும், அந்தப் பெரும்பாட்டுக்கு மதமே முதற்காரணம் என்பதையும் லண்டன் தெருக்களில் நடந்தபடியே விளக்கும் சேவை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டுச் சென்ற அக்டோபரில் அதில் கலந்துகொண்டேன். சனிக்கிழமைகளில் மட்டும் நடக்கும் அந்த மூன்றரை மணி நேர நடைக்குக் கட்டணம் 28 பவுண்டு. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். வழிகாட்டி, வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். குறைகளும் சொல்லவிருப்பதால் அந்தச் சிறு நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நடை ஸ்மித்ஃபீல்டில், புனித பர்த்தலோமேயு மருத்துவமனையின் சுவரில் பதித்திருக்கும் நினைவுக்கல்லின் முன்பு தொடங்குகிறது. எலிசபெத்தின் எதிரிகளைப் பற்றிய நடையை கத்தோலிக்கரான அவருடைய அக்காள் மேரியின் ஆட்சியில் எரிக்கப்பட்டவர்களின் கல்லருகே தொடங்கியது நல்ல முடிவு. 1555 பிப்ரவரி 4 அன்று புராட்டஸ்டண்டுப் போதகர் ஜான் ராஜர்ஸ் அங்கே உயிரோடு எரிக்கப்பட்டார். மேரியின் ஐந்தாண்டு ஆட்சி முடிவதற்குள் ஏறத்தாழ 280 புராட்டஸ்டண்டுகள் நாடெங்கும் அவ்வாறே மாண்டார்கள். அந்தத் தீயின் நினைவு இல்லாமல் பின்னால் வந்த அச்சம் எதையும் புரிந்துகொள்ள முடியாது என்றார் வழிகாட்டி. எலிசபெத்தே 1554இல், மேரிக்கு எதிரான வயட் கிளர்ச்சியில் பங்குண்டு என்ற ஐயத்தின் பேரில், தன் தாய் ஆன் பொலின் தலை துண்டிக்கப்பட்ட அதே லண்டன் கோபுரக் கோட்டையில் இரண்டு மாதம் அடைபட்டிருந்தவர். அரசாள்பவரின் வாரிசு என்ற நிலையில் சதிகாரர்கள் தன் பெயரை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதை அவர் சொந்த அனுபவத்தால் அறிந்திருந்தார் என்பதையும், பிற்பாடு தனக்கு ஒரு வாரிசைப் பெயர் சொல்ல அவர் கடைசிவரை மறுத்ததையும் அம்மையார் இணைத்துக் காட்டிய விதம் எனக்குப் பிடித்திருந்தது.

அங்கே நிற்கும்போது எனக்கு வேறொன்றும் தோன்றியது. இப்படி மாண்டவர்களைத் தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் இரத்தசாட்சிகள் என்பார்கள். கத்தோலிக்கர்கள் தங்களவர்களை வேதசாட்சிகள் என்றும் இப்போது மறைசாட்சிகள் என்றும் சொல்வார்கள். ஸ்மித்ஃபீல்டின் கல்லில் இருப்பவர்கள் முதல் வகை. அடுத்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பார்க்கப்போகிறவர்கள் இரண்டாம் வகை. அகராதியில் ஒரே பொருள் தரும் இரு சொற்களுக்கிடையே இருக்கும் தூரத்தை அன்று காலால் நடந்து கடந்தேன்.

அங்கிருந்து புனித பவுல் பேராலயம் வரையிலான பத்து நிமிடத்தில், நாட்டை மீண்டும் புராட்டஸ்டண்டு வழிபாட்டுக்குத் திருப்பிய 1559ஆம் ஆண்டுச் சட்டங்கள் விளக்கப்பட்டன. அரசி தன்னைத் திருச்சபையின் தலைவர் என்று அழைத்துக்கொள்ளாமல் ஆளுநர் என்று மட்டும் அழைத்துக்கொண்டதும், ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்களுக்கு 12 பென்னி அபராதம் என்று நிறுத்திக்கொண்டதும், பழைய விசுவாசிகளை ஒரேயடியாகப் பகைக்காமல் மெல்ல மெல்லக் கரைத்துவிடலாம் என்ற கணக்கில் எழுந்தவை. அப்படியும் வழிபாட்டை ஒருமைப்படுத்தும் மசோதா பிரபுக்கள் அவையில் மூன்றே வாக்குகளில்தான் தப்பியது, ஆயர் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. இவ்வளவும் நடந்துகொண்டே, வாகன இரைச்சலுக்கு நடுவே சொல்லப்பட்டதால் பின்வரிசையில் வந்தவர்களுக்குப் பாதிதான் கேட்டது. காதில் பொருத்தும் ஒலிக்கருவி கொடுத்திருக்கலாம். மனிதர் உள்ளத்துக்குச் சாளரம் வைத்துப் பார்க்க விரும்பவில்லை என்று அரசி சொன்னதாக அம்மையார் குறிப்பிட்டது ஒரு பிழை. அது பிரான்சிஸ் பேக்கன் அரசியின் கொள்கையைப் பற்றி எழுதியது. அரசியின் வாய்மொழியாக ஊரெங்கும் உலவிவருகிறது.

புனித பவுல் வளாகத்தில் சொல்லப்பட்டது ஜான் ஃபெல்டனின் கதை. 1570 பிப்ரவரியில் ஐந்தாம் பயஸ் பாப்பரசர் எலிசபெத்தைச் சபைவிலக்கம் செய்து, அவருடைய குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்றும் அறிவித்தார். அந்த மடலை அதே ஆண்டு மே மாதம் லண்டன் ஆயரின் மாளிகைக் கதவில் ஆணியடித்து மாட்டியவர் ஃபெல்டன். ஆகஸ்டில் அதே வளாகத்தில் அவர் கொல்லப்பட்டார். முந்தைய நவம்பரில் வடக்கே இரண்டு பிரபுக்கள் படைதிரட்டி டர்ஹம் பேராலயத்துக்குள் புகுந்து பழைய திருப்பலியை மீண்டும் நிறைவேற்றினார்கள். அந்தக் கிளர்ச்சி அடங்கியபின் நூற்றுக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டார்கள். மடல் கிளர்ச்சிக்கு உதவப் புறப்பட்டதுதான், ஆனால் வந்து சேர்ந்தபோது கிளர்ச்சி முடிந்துபோயிருந்தது. காலந்தாழ்ந்த அந்தக் காகிதம் ரோமுக்கு எந்தப் பயனையும் தரவில்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த ஒவ்வொரு கத்தோலிக்கரையும் அது துரோகி என்ற ஐயத்துக்கு ஆளாக்கியது. இதை அம்மையார் தயங்காமல் சொன்னார்.

அடுத்து ஈலி பிளேஸ் என்னும் முட்டுச்சந்து. அதற்குள் ஒதுங்கியிருக்கும் புனித எதெல்ரெடா ஆலயம் ஒருகாலத்தில் ஈலி ஆயர்களின் சிற்றாலயம்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்தோலிக்கர்கள் விலைக்கு வாங்கி மீட்டது. உள்ளே சுவரோரமாக எலிசபெத் காலத்து மறைசாட்சிகளின் உருவங்கள் நிற்கின்றன. 28 பவுண்டில் பெரும்பகுதி இந்த இருபது நிமிடத்துக்கே ஈடாகும் என்பேன். வெளியின் இரைச்சல் அடங்கிய அந்த இருட்டில், 1580இல் வேடம் மாறி வந்திறங்கிய இயேசு சபைக் குருவான எட்மண்ட் கேம்பியனைப் பற்றி வழிகாட்டி பேசினார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒருமுறை எலிசபெத்தின் முன்னிலையில் சொற்போர் நிகழ்த்திப் பாராட்டுப் பெற்ற அறிஞர் அவர். அரசியலில் தலையிடக் கூடாது என்பதே அவருக்குச் சபை கொடுத்திருந்த கட்டளை. பிடிபட்டுக் கோபுரக் கோட்டையில் வதைக்கப்பட்டு, 1581 டிசம்பர் 1 அன்று டைபர்ன் தூக்குமேடையில் அவர் கொல்லப்பட்டார். அந்த ஆண்டே ஆராதனைக்கு வராதவர்களின் அபராதம் மாதம் 20 பவுண்டாக உயர்ந்தது. நாட்கூலி சில பென்னிகளே பெற்ற காலத்தில் இது வசதியுள்ள குடும்பத்தையும் நிலத்தை விற்க வைக்கும் தொகை. 1585இல் வந்த சட்டத்தின்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் இங்கிலாந்தில் இருப்பதே இராசத்துரோகம் ஆனது. எலிசபெத்தின் ஆட்சி முடிவதற்குள் கொல்லப்பட்ட குருக்கள் நூற்றுக்கும் மேல்.

விசாரணையில் குருக்களிடம் கேட்கப்பட்டு, பின்னாளில் 'இரத்தக் கேள்வி' என்று பெயர்பெற்ற வினாவை அம்மையார் எங்கள் முன்னும் வைத்தார்: பாப்பரசர் அனுப்பும் படை கரையிறங்கினால் நீ யார் பக்கம் நிற்பாய்? அரசி பக்கம் என்றால் விசுவாசத்தை மறுதலித்ததாகும், பாப்பரசர் பக்கம் என்றால் கழுத்தில் கயிறு, மௌனமாக இருந்தால் அதுவே ஒப்புதல். குழுவில் யாரும் வாய்திறக்கவில்லை. ஆனால் இவ்விடத்தில் வழிகாட்டியின் தராசு ஒருபக்கம் சாய்ந்தது என்பது என் கருத்து. கேம்பியன் அரசியல் நோக்கமின்றி வந்தார் என்பது உண்மைதான். அவர் வந்த அதே 1580இல், எலிசபெத்தை இவ்வுலகிலிருந்து அகற்றுபவர் பாவம் செய்தவராகமாட்டார், புண்ணியமே பெறுவார் என்று பாப்பரசரின் செயலரான கோமோ கர்தினால் எழுதினார் என்பதும் உண்மை. 1584 ஜூலையில் டெல்ஃப்ட் நகரில் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு கத்தோலிக்கரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அடுத்தவர் எலிசபெத்தான் என்று லண்டன் நடுங்கியதில் வியப்பில்லை. இவ்விரண்டையும் அந்த ஆலயத்துக்குள்ளேயே சொல்லியிருந்தால் கேள்வி இன்னும் கனத்திருக்கும்.

நடையின் உச்சம் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ். இன்று அலுவலகப் பணியாளர்கள் மதிய உணவுப் பொட்டலத்தைப் பிரிக்கும் பசுமையான சதுக்கம். 1586 செப்டம்பர் 20, 21 தேதிகளில் ஆன்டனி பேபிங்டனும் கூட்டாளிகளும் நாளுக்கு எழுவராகக் கொல்லப்பட்ட வெளி, இதை ஒட்டி அன்று பரந்துகிடந்த திறந்த நிலம். உயிர் இருக்கும்போதே வயிற்றைக் கிழித்த முதல் நாள் கொடுமையைக் கண்டு கூட்டமே முகம்சுளித்ததால், மறுநாள் எழுவரையும் உயிர் பிரியும்வரை தூக்கிலேயே விடும்படி அரசி ஆணையிட்டார் என்பார்கள். எலிசபெத்தைக் கொன்றுவிட்டு, 1568 முதல் இங்கிலாந்தில் காவலில் இருந்த, கத்தோலிக்கரான ஸ்காட்லாந்தின் முன்னாள் அரசி மேரியை அரியணையில் அமர்த்துவதே அவர்களுடைய திட்டம். மேரி அடைபட்டிருந்த சார்ட்லி மாளிகைக்குப் பியர் பீப்பாயின் அடைப்புக்குள் ஒளித்துக் கடிதங்கள் போய்வந்தன. ஒற்றர் தலைவர் வால்சிங்கமே திறந்துவைத்த வழி அது என்பது மேரிக்குத் தெரியாது. பியர் கொண்டுவந்த வணிகர் மேரியிடமும் காசு வாங்கினார், வால்சிங்கத்திடமும் வாங்கினார்; போதாதென்று பியரின் விலையையும் ஏற்றிக் கேட்டாராம்! மதத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் நடுவே நட்டமில்லாமல் பிழைத்த அந்த ஒரே மனிதருக்குச் சிலை எதுவும் இல்லை.

இங்கே ஆளுக்கொரு லேமினேட் செய்த தாள் தரப்படுகிறது. எழுத்துக்கு ஒரு குறி, முக்கியமான சில சொற்களுக்குத் தனிக்குறி என்று அமைந்த அந்தச் சங்கேத அட்டவணையின் அசல், பேபிங்டனின் கையொப்பத்தோடு கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதை வைத்து ஒரு வரியைப் பிரித்துப் படிக்கும்படி பத்து நிமிடம் கொடுத்தார்கள். எனக்கு மூன்று சொற்களே தேறின. எனக்கு அடுத்து நின்ற பள்ளி மாணவி முழுவரியையும் முடித்துவிட்டாள். இதே சங்கேதத்தை உடைத்த தாமஸ் ஃபிலிப்ஸ், மேரி ஜூலை 17 அன்று அனுப்பிய பதிலின்மேல் ஒரு தூக்குமரத்தை வரைந்துவைத்தார். கொலைக்கு முன்வந்த ஆறு கனவான்களின் பெயர்களைக் கேட்டு மேரி எழுதியதுபோல ஒரு பின்குறிப்பையும் போலியாகச் சேர்த்தார். சதி உண்மையானது, ஆனால் அதை வளரவிட்டு அறுவடை செய்ததும் அரசுதான் என்பதை விரிவுரையாகச் சொல்லாமல் அந்தத் தாளையே பேசவைத்தது பாராட்டுக்குரிய உத்தி. மேரி 1587 பிப்ரவரி 8 அன்று ஃபாதரிங்கேயில் தலை துண்டிக்கப்பட்டார். ஆணையில் கையொப்பமிட்ட எலிசபெத், அதை அனுப்பிவைத்த குற்றத்துக்காகத் தன் செயலர் டேவிசனைக் கோட்டையில் அடைத்தார்.

அதன்பின் நடை தளர்கிறது. மேற்கே வந்த குழுவைப் பேருந்தில் மீண்டும் கிழக்கே கொண்டுபோகிறார்கள். அதன் கட்டணம் தனி, முன்பதிவின்போது இது சொல்லப்படவில்லை. காலவரிசையைக் காப்பாற்றத்தான் இந்தப் பாதை என்றால், டவர் ஹில்லில் போய் 1572ஆம் ஆண்டுக்கு ஏன் திரும்பவேண்டும்? எலிசபெத்தை வீழ்த்தி ஸ்காட்லாந்து மேரியை அரசியாக்க முயன்ற ரிடால்ஃபி சதியில் சிக்கிய நார்ஃபோக் கோமகன் தாமஸ் ஹோவர்ட் அவ்வாண்டு ஜூன் 2 அன்று அங்கே தலை துண்டிக்கப்பட்டார். அரசிக்கு உறவினர், அதற்கான ஆணையில் கையொப்பமிட்டு அரசி பலமுறை திரும்பப் பெற்றுக்கொண்டார். கோமகனின் மகன் ஃபிலிப் ஹோவர்ட் கத்தோலிக்கராகி, பத்தாண்டுகள் கோட்டைக்குள் அடைபட்டு 1595இல் அங்கேயே இறந்தார். 1970இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். கிறிஸ்துவுக்காக இம்மையில் எவ்வளவு துன்பமோ, மறுமையில் அவரோடு அவ்வளவு மகிமை என்ற பொருளில் அவர் 1587இல் செதுக்கிய இலத்தீன் வரி கோட்டையிலுள்ள பீச்சம் கோபுரத்தின் சுவரில் இன்றும் இருக்கிறது. அதை வெளியிலிருந்தே கைநீட்டிக் காட்டிவிட்டு நடையை முடித்துவிட்டார்கள். உள்ளே செல்ல நுழைவுச்சீட்டு தனி என்பது புரிகிறது; சேர்த்து வாங்கிக்கொள்ளும் வசதியையாவது தந்திருக்கலாம். நான் பிறகொரு நாள் தனியாகப் போய்ப் பார்த்தேன்.

பெருங்குறை வேறொன்று. சபையில் எஞ்சியிருந்த கத்தோலிக்க வழக்கங்களையும் நீக்கச் சொன்ன தூய்மைவாதிகள் என்னும் பியூரிட்டன்கள் இந்த நடையில் ஒரே வாக்கியத்தில் முடிந்துபோகிறார்கள். அரசியை அச்சுறுத்தியவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டுமே என்ற எண்ணத்தோடுதான் பலரும் வீடு திரும்பியிருப்பார்கள். தூய்மைவாதிகளின் வேதாகமப் பயிற்சிக் கூட்டங்களை அடக்க மறுத்த கிரிண்டல் பேராயரை 1577இல் பணியிலிருந்து நிறுத்திவைத்தவர் எலிசபெத். 1579இல், அரசி பிரெஞ்சுக் கத்தோலிக்க இளவரசரை மணக்கக் கூடாது என்று எழுதிய ஜான் ஸ்டப்ஸின் வலக்கை வெட்டப்பட்டது. அவர் இடக்கையால் தொப்பியைக் கழற்றி, அரசியைக் கடவுள் காக்கட்டும் என்று கூவினார். அரசியின் சபையை விட்டுப் பிரிந்த பேரோவும் கிரீன்வுட்டும் 1593இல் தூக்கிலேறினார்கள். வலக்கை வெட்டுண்ட பின்னும் அரசியை வாழ்த்திய அந்தக் காட்சியை விட்டுவிட்டுப் பியர் பீப்பாய்க்குக் கால்மணி நேரம் ஒதுக்குவது, ஒற்றர் கதையின் சுவைக்கு வரலாற்றை விட்டுக்கொடுப்பதாகவே எனக்குப் பட்டது.

கோட்டையிலிருந்து வெளியே வந்த கையோடு வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கும் போனேன். அக்காளும் தங்கையும் ஒரே கல்லறைக்குள் கிடக்க, மேலே எலிசபெத்தின் உருவம் மட்டும் படுத்திருக்கிறது. எதிர்ப்பக்க நடைக்கூடத்தில் ஸ்காட்லாந்து மேரி. நடையை முடித்துவிட்டு அங்கே போகிறவர்களுக்கு அந்த இடம் வேறு மாதிரித் தெரியும், ஆகவே நடைக்குப் பின் அதற்கும் ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் சரளமாகப் புரிந்தால்தான் இந்த நடை பயன்தரும். மொழிபெயர்ப்பு வசதி இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு மரணதண்டனை விவரங்கள் கனமாக இருக்கும். கழிவறைக்கு ஒரே நிறுத்தம், அதுவும் இரண்டு மணி நேரம் கழித்து. முன்வரிசையில் நடந்து, வழிகாட்டியிடம் ஸ்டப்ஸைப் பற்றி நீங்களே கேளுங்கள். கேட்டால் நன்றாகவே சொல்கிறார் என்பதைப் பேருந்தில் தெரிந்துகொண்டேன். ஐந்துக்கு மூன்றரை தருகிறேன், அதில் அரை மதிப்பெண் அந்தச் சங்கேதத் தாளுக்கு.