ஆன்லைனில் ஸ்பீச் தெரபி மாஸ்டர்ஸ்: படித்து முடித்த ஒருத்தியின் அனுபவம்

டாலஸ் பக்கத்தில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறேன். சொந்த ஊர் ஈரோடு. ஈ.சி.இ. படித்து, சென்னையில் நான்கு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். போன மே மாதம் ஸ்பீச்-லாங்வேஜ் பெத்தாலஜியில், அதாவது பேச்சு, மொழி, விழுங்குதல் இவற்றில் சிக்கல் உள்ளவர்களுக்குத் தெரபி கொடுக்கும் துறையில், மாஸ்டர்ஸ் முடித்தேன். வகுப்புகள் எல்லாம் ஆன்லைன். தெரிந்தவர்கள் பலர், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளை வைத்திருக்கும் அம்மாக்கள், "வீட்டில் இருந்தபடியே படித்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். போனில் பாதி சொல்லிப் பாதி விட்டுப்போகிறது. அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அவர்களைப் பற்றி நல்லதும் சொல்வேன், பெரிய குறை ஒன்றும் சொல்வேன். எந்த இடத்தில் சேர்வதற்கு முன்பும் அந்தக் குறையை நீங்கள் விசாரிக்க வேண்டும்.

ஏன் இதைப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு இரண்டரை வயதில் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் இருந்தன. முதலில் பார்த்த ஒரு கிளினிக்கில், "இரண்டு மொழி குழப்புகிறது, வீட்டில் தமிழை நிறுத்துங்கள்" என்றார்கள். நிறுத்தினோம், எட்டு மாதம். ஈரோட்டில் இருந்து அம்மா வீடியோ காலில், "சாப்டியா சாமி?" என்று கேட்பார். அவன் திரையைப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். நான் அதை ஆங்கிலத்தில் சொல்வேன். கொஞ்ச நாளில் அம்மா கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டார். மூன்று வயதில், ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் மூலம் தெரபி கிடைத்தது. மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்கான ஐடியா என்ற மத்தியச் சட்டப்படி, தகுதி இருந்தால் அந்த வயதிலிருந்து அது இலவசம். அங்கே இருந்த தெரபிஸ்ட் முதல் நாளே சொன்னார்: "இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. உங்களுக்கு எந்த மொழி இயல்பாக வருமோ அதில் பேசுங்கள். அதில்தான் நிறையப் பேசுவீர்கள்." திரும்பி வரும்போது காரிலேயே ஆரம்பித்துவிட்டேன். சிவப்பு லைட், நிக்கணும். பச்சை லைட், போலாம். அவர் ஒருத்தர் சொன்ன மூன்று வாக்கியம் எங்கள் வீட்டை மாற்றியது. அப்படிச் சொல்லும் இடத்தில் நானும் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

சரி, படிப்புக்கு வருகிறேன். இன்ஜினியரிங் படித்தவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்வதில்லை. உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அறிவியல், இந்த நான்கிலும் கல்லூரிப் பாடம் இருக்க வேண்டும். எனக்கு உயிரியல் இல்லை, கம்யூனிட்டி காலேஜில் எடுத்தேன். அப்புறம் ஒலியியல், பேச்சு உறுப்புகளின் உடற்கூறு, மொழி வளர்ச்சி, கேட்புத்திறன் என்று லெவலிங் பாடங்கள், அதாவது வேறு துறையில் இருந்து வருபவர்களுக்கான அடிப்படைப் பாடங்கள், ஒரு வருடம். அதற்குப் பிறகுதான் மாஸ்டர்ஸ், 62 க்ரெடிட், பார்ட் டைமில் மூன்று வருடக் கணக்கு.

ஈ.சி.இ. வீணாகவில்லை. ஸ்பீச் சயின்ஸ் பாடத்தில் ஃபோரியர், ஸ்பெக்ட்ரம் என்றதும் மற்றவர்கள் தவித்தபோது எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ப்ராட் என்ற இலவச மென்பொருளில் என் குரலையே பதிவு செய்து பார்த்தேன். "பல்", "பள்", "பழ்" என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், ழகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் (வாய்க்குள் ஒலி பலமாக எதிரொலிக்கும் அலைவரிசை) கோடு சட்டென்று கீழே இறங்குகிறது. அமெரிக்க ஆங்கிலத்தின் ரகரத்துக்கும் இதே இறக்கம்தான் அடையாளம். இங்கே எத்தனையோ பிள்ளைகள் அந்த ரகரத்துக்காக வருடக்கணக்கில் தெரபிக்கு வருகிறார்கள். நாக்கு நுனியை எப்படி மேலே தூக்கி, எதையும் தொடாமல் நிறுத்துவது என்று அவர்களுக்குக் காட்டும்போது, ஒன்றாம் வகுப்பில் டீச்சர் எனக்கு "மழை" சொல்லிக்கொடுத்த முறைதான் கைகொடுக்கிறது.

வகுப்புகளுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். திங்கள், புதன் இரவு ஏழு மணிக்கு நேரலை. மற்றதெல்லாம் பதிவு செய்த பாடங்கள். ஒரு நேரலைக்குப் பதினைந்து பேர்தான், கேமராவை அணைக்கக் கூடாது. நரம்பியல் எடுத்த பேராசிரியர் மருத்துவமனையில் நீண்ட காலம் வேலை பார்த்தவர். ஒவ்வொரு மண்டை நரம்பையும் ஒரு நோயாளியின் முகத்தோடு சேர்த்துத்தான் சொல்வார். நாக்கை அசைக்கும் பன்னிரண்டாவது நரம்பு பழுதானால், நாக்கை நீட்டச் சொன்னதும் அது பழுதான பக்கமே சாயும். அதை ஒரு வீடியோவில் பார்த்த பிறகு மறக்கவே முடியாது.

விழுங்குதல் பாடம் வந்த பருவத்தில் எங்கள் சமையலறையே லேப் ஆகிவிட்டது. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சிலருக்கு இருமல்கூட வராது. அதனால் திரவத்தைக் கெட்டியாக்கிக் கொடுப்பது உண்டு. எவ்வளவு கெட்டி என்பதற்கு இட்சி என்ற உலகப் பொது அளவுமுறை இருக்கிறது, பூஜ்யம் முதல் ஏழு வரை. சோதனை எளிமையானது. 10 மில்லி சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்து, நிறைய ஊற்றி, விரலை எடுத்துப் பத்து விநாடி விட வேண்டும். எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதை வைத்துத்தான் நிலை. கணவர் போனில் நேரம் பார்த்துச் சொன்னார். தெளிந்த ரசம் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஓடியது: நிலை 0. கெட்டியாக்கும் பவுடர் கலந்த தண்ணீரில் 6 மில்லி நின்றது: நிலை 2. ராகிக் கூழ் 9 மில்லி: நிலை 3. ஸ்டார்ச் பவுடர் கலந்த கப்பை மேசையிலேயே விட்டுவிட்டு அரை மணி கழித்துப் பார்த்தால் இன்னும் கெட்டியாகியிருந்தது. கடைசியாக ஃபில்டர் காப்பியில் கலந்து குடித்தேன். மணம் காப்பிதான். ஆனால் நாக்கில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு, தொண்டையில் இறங்கவே மாட்டேன் என்றது. குடித்து முடித்ததும் தண்ணீர் தாகம் எடுத்தது. நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கப்போவதை முதலில் நீங்கள் குடித்துப் பாருங்கள் என்று இந்தப் பாடம் எடுத்த பேராசிரியை சொன்னதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வளாகத்துக்கு இரண்டு முறை போனோம், நான்கு நான்கு நாள். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுக் குரல்நாண்களைத் திரையில் பார்த்தது அங்கேதான். அதைத் தவிர அந்த எட்டு நாளில் வீட்டில் செய்ய முடியாதது என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இனி அந்தக் குறை. இந்தப் படிப்பின் முதுகெலும்பு க்ளினிக்கல் ஹவர்ஸ். இந்தத் துறையின் தேசியச் சங்கமான ஆஷாவின் சான்றிதழுக்கு மொத்தம் 400 மணி நேரம் வேண்டும். 25 மணி பார்வையிடுவது, 375 மணி நோயாளியோடு நேரடியாக வேலை. இதில் 75 மணி வரை கணினி சிமுலேஷனில் செய்யலாம். ஆனால் குறைந்தது 250 மணி, ஒரே அறையில், நேரில் நடக்க வேண்டும். அதாவது ஒரு பள்ளியோ மருத்துவமனையோ உங்களை உள்ளே விட வேண்டும், சான்றிதழ் பெற்ற ஒரு தெரபிஸ்ட் தன் வேலையோடு உங்களையும் மேற்பார்வை பார்க்கச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சூப்பர்வைசருக்கு முழுநேர வேலையில் ஒன்பது மாத அனுபவமும், மேற்பார்வை பற்றி இரண்டு மணி நேரப் பயிற்சியும் இருக்க வேண்டும். அவருக்கு இதற்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

சேரும்போது என்னோடு பேசிய ஆலோசகர், "ப்ளேஸ்மென்ட் டீம் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்றார். ப்ளேஸ்மென்ட் என்றால் இங்கே வேலை இல்லை, இந்தப் பயிற்சிக்கான இடம். நம்பினேன். நேரம் வந்தபோது அந்த டீம் அனுப்பியது ஓர் எக்செல் ஷீட், என் ஊரைச் சுற்றி உள்ள கிளினிக்குகளின் பெயரும் போன் நம்பரும். பாதி நம்பர் வேலை செய்யவில்லை. நானே எழுதினேன், நானே கூப்பிட்டேன். ஒரு நோட்டில் தேதி போட்டு வரிசையாகக் குறித்து வைத்தேன், 61 இடம். பதில் போட்டவர்கள் பதினெட்டுப் பேர். அதில் பதினாறு பேர், உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களை ஏற்கெனவே எடுத்துவிட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வருடக்கணக்காகத் தெரிந்த பேராசிரியர் அனுப்பும் பிள்ளைக்கும், எங்கோ இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரோடு வரும் மின்னஞ்சலுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

இரண்டு இடம் சரி என்றது. ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. பல்கலைக்கழகமும் அந்த நிறுவனமும் ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டு பக்க வக்கீல்களும் பார்த்து முடிக்க நான்கு மாதம் ஆனது. இதற்கிடையில் ஒரு சூப்பர்வைசர் வேலை மாறிப் போய்விட்டார். டிசம்பரில் முடிய வேண்டிய படிப்பு மே மாதம் வரை இழுத்தது. தாமதமான பருவத்துக்கு ஒரு க்ரெடிட் பணமும் கட்டச் சொன்னார்கள். இதைத்தான் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. அவர்கள் செய்ய வேண்டிய வேலையை நான் செய்ததற்கு நானே பணம் கட்டினேன்.

கடைசியில் வழி திறந்தது என் மகனின் பழைய தெரபிஸ்ட் மூலம். அவருக்குத் தெரிந்த ஒருவர் வேறொரு பள்ளி மாவட்டத்தில் என்னை எடுத்துக்கொண்டார். காரில் ஒரு வழிக்கு ஐம்பது நிமிடம். அங்கே ஒரு நாள், ஐந்து வயதுத் தெலுங்குப் பையன் ஒருவனுக்கு உச்சரிப்புத் தேர்வு வைத்தோம். டபிள்யூ வரும் இடத்தில் வகரம் சொன்னான், "திங்க்" என்பதில் நம் தகரம் சொன்னான். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் குறைபாடு என்று வந்திருக்கும். இது குறைபாடு இல்லை, அவன் வீட்டு மொழியின் ஒலிகள் இவை என்று ஒவ்வொரு சொல்லாக எழுதிக் காட்டினேன். என் சூப்பர்வைசர் அதை அப்படியே அறிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது இடம் ஒரு நர்சிங் சென்டர். அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டியவர், பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு "ஓகே" என்ற ஒரே சொல்தான் வந்தது. 1861ல் பாரிசில் ப்ரோக்கா என்ற மருத்துவர் பார்த்த லெபோர்ன் என்ற நோயாளிக்கு "டான்" என்ற ஓசை மட்டும்தான் வந்தது என்று படித்திருந்தேன். ஆனால் எதிரில் உட்கார்ந்து ஒருவர் கோபத்துக்கும் "ஓகே", வலிக்கும் "ஓகே", பேத்தி வந்த சந்தோஷத்துக்கும் "ஓகே" என்று சொல்வதைக் கேட்பது வேறு. அவர் தன் கெட்டியாக்கிய காப்பியை தினமும் தள்ளி வைப்பார். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று குறிப்பில் எழுதியிருந்தது. நான் அதைக் குடித்துப் பார்த்தவள் அல்லவா, அவர் கை காப்பியைத் தள்ளும்போது எனக்குப் புரிந்தது. சூப்பர்வைசரிடம் பேசினேன். விழுங்குவதைப் பார்க்கும் எக்ஸ்ரே பரிசோதனையை மறுபடி எடுக்க ஏற்பாடு செய்தார். விழுங்குவது தேறியிருந்தது. அடுத்த வாரம் அவருக்குச் சாதாரணக் காப்பி, சின்னச் சின்ன மடக்காக. முதல் மடக்கை விழுங்கிவிட்டு "ஓகே" என்றார். அந்த "ஓகே" என்னவென்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

பணக் கணக்கு: ஒரு க்ரெடிட் 1,100 டாலர், 62 க்ரெடிட்டுக்கு 68,200. லெவலிங் பாடங்கள், வளாகப் பயணம், தடுப்பூசி, பின்னணிச் சோதனை, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி. ப்ளேஸ்மென்ட் காலத்தில் வாரம் நான்கு நாள் பகல் முழுக்கப் போய்விடும், சம்பளம் இல்லை. வேலையை விடாமல் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பகல்களை எங்கே வைப்பது என்று கேளுங்கள். என் கணவர் மதியம் மூன்று மணிக்குப் பையனைக் கூட்டிவர அலுவலகத்தில் அனுமதி வாங்கியிருக்காவிட்டால் நான் முடித்திருக்க மாட்டேன்.

சான்றிதழுக்காக எழுத வேண்டிய ப்ராக்சிஸ் தேர்வைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 132 கேள்வி, 150 நிமிடம், 100 முதல் 200 வரை உள்ள அளவில் 162 எடுத்தால் பாஸ். வகுப்புகளை ஒழுங்காகக் கவனித்திருந்தால் இரண்டு மாதத் தயாரிப்பு போதும். அதன் பிறகு 36 வாரம், 1,260 மணி நேரம் க்ளினிக்கல் ஃபெல்லோஷிப், அதாவது ஒரு வழிகாட்டியின் கீழ் வேலை. இதற்குச் சம்பளம் உண்டு. நான் ஆகஸ்டில் ஒரு பள்ளி மாவட்டத்தில் ஆரம்பிக்கிறேன்.

படிக்கலாமா என்றால், படியுங்கள் என்பேன். பாடத்தின் தரம் நேரில் படித்தவர்களுக்குக் குறைந்ததில்லை. ப்ளேஸ்மென்டில் நேரில் படித்தவர்களோடு வேலை பார்த்தபோது அதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் இதையெல்லாம் செய்யுங்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்று ஆஷாவின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். ப்ராக்சிஸ் தேர்ச்சி, படிப்பை முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், இந்த மூன்று விகிதத்தையும் ஒவ்வொரு அங்கீகாரம் பெற்ற படிப்பும் வெளியிட்டாக வேண்டும். நேரத்துக்கு முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதை முதலில் பாருங்கள். உங்கள் மாநில லைசென்சுக்கு இந்தப் பட்டம் செல்லுமா என்று கேளுங்கள். என் ஊரில் போன வருடம் எத்தனை மாணவர்களுக்கு நீங்கள் இடம் பிடித்துக் கொடுத்தீர்கள், கிடைக்காவிட்டால் அந்தப் பருவத்துக்கு யார் பணம் கட்டுவது என்று ஆலோசகரிடம் இல்லை, க்ளினிக்கல் டைரக்டரிடம் கேளுங்கள். போனில் வேண்டாம், மின்னஞ்சலில். பதில் எழுத்தில் வரும்வரை டெபாசிட் கட்டாதீர்கள்.