ஜோன்ஸ் பீச் வானத்தில் யார் மேல்: ப்ளூ ஏஞ்சல்ஸா, தண்டர்பேர்ட்ஸா?

நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வசிப்பவர்களுக்கு மே மாதக் கடைசி வார இறுதி என்றால் ஜோன்ஸ் பீச் விமான சாகசம்தான். மெமோரியல் டே திங்கட்கிழமைக்கு முந்தைய சனியும் ஞாயிறும், அட்லாண்டிக்கைப் பார்த்தபடி விரிந்து கிடக்கும் அந்த மணலில் கூட்டம் நிரம்பிவிடும். காட்சிக்கு டிக்கெட் கிடையாது. பூங்காவுக்குள் காரைக் கொண்டுபோகிற கட்டணம் மட்டும்தான். முக்கிய அணி எது என்பது மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில வருஷம் கடற்படையின் ப்ளூ ஏஞ்சல்ஸ், சில வருஷம் விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ்.

இரண்டும் ஆறு போர் விமானங்கள் கொண்ட அணிகள். நான்கு விமானங்கள் வைர வடிவில் நெருங்கிப் பறக்கும், இரண்டு தனியே சாகசம் செய்யும், கடைசியில் ஆறும் சேரும். அதனால் "எது வந்தாலும் ஒன்றுதானே" என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கடற்கரைக்கு, இந்தக் காற்றுக்கு, ப்ளூ ஏஞ்சல்ஸ்தான் பொருத்தம் என்பது என் கட்சி. தண்டர்பேர்ட்ஸ் ஜெயிக்கிற நாளும் உண்டு. எந்த மாதிரி நாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பூர்வீகம். ப்ளூ ஏஞ்சல்ஸ் 1946-இல் தொடங்கியது. முதல் விமானம் ஹெல்கேட். அப்புறம் பேர்கேட், பேந்தர், கூகர், டைகர் என்று 1968 வரை அவர்களுடைய பிரதான விமானங்கள் எல்லாமே க்ரம்மன் நிறுவனத்துடையவை. க்ரம்மன் இருந்தது இதே லாங் ஐலண்டின் பெத்பேஜில். நிலவில் இறங்கிய லூனார் மாட்யூலைச் செய்தவர்களும் அவர்கள்தான். தண்டர்பேர்ட்ஸ் 1953-இல் எஃப்-84ஜி தண்டர்ஜெட்டோடு தொடங்கியது. அதைச் செய்தது பெத்பேஜுக்குப் பக்கத்து ஊரான ஃபார்மிங்டேலில் இருந்த ரிபப்ளிக் நிறுவனம். அதாவது, இரண்டு அணிகளும் முதன்முதலில் ஏறிப் பறந்த விமானங்கள் இந்தக் கடற்கரையிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் உருவானவை. இன்று இந்திய மளிகை வாங்க நாம் ஹிக்ஸ்வில் போகிறோமே, அதை ஒட்டிய பகுதிதான் இதெல்லாம். அந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் மணலில் வந்து உட்காருகிறார்கள். வேறு எந்த ஊர் விமானக் காட்சிக்கும் இந்த உரிமை வாய்க்காது.

இப்போது இருக்கும் விமானங்களுக்கு வருவோம். ப்ளூ ஏஞ்சல்ஸ் 2021 முதல் எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட் ஓட்டுகிறார்கள். இரட்டை எஞ்சின், கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் ஆஃப்டர்பர்னரைப் போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 22,000 பவுண்டு உந்துவிசை தரும். தண்டர்பேர்ட்ஸின் எஃப்-16-க்கு ஒரே எஞ்சின். சுமார் 29,000 பவுண்டு. சூப்பர் ஹார்னெட்டின் நீளம் 18 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், எஃப்-16 ஏறக்குறைய 15 மீட்டர். இறக்கையும் அதே போலத்தான், 13.6 மீட்டருக்கு எதிரே சுமார் 10 மீட்டர்.

காகிதத்தில் இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் வேகமாகப் பறக்கும் ஜெட்கள் பார்வையாளர்களிடமிருந்து 1,500 அடி தள்ளித்தான் சாகசம் செய்ய வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஜோன்ஸ் பீச்சில் அந்தக் கோடு கடலுக்கு மேலே விழுகிறது. கரையிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர். அந்தத் தொலைவில், பின்னால் வெறும் நீலமும் வெள்ளைப் புகையும் மட்டும் இருக்கும்போது, பெரிய விமானம் கண்ணில் நிற்கிறது. சின்னது சட்டென்று புள்ளியாகிவிடுகிறது. குழந்தைகளோடு போயிருந்தால் உடனே தெரியும். சூப்பர் ஹார்னெட்டை நான்கு வயதுப் பிள்ளையே விரல் நீட்டிக் காட்டும். எஃப்-16 மேலே ஏறிவிட்டால் அது எங்கே போனது என்று நாம்தான் காட்டித்தர வேண்டும்.

அடுத்தது ஈரக் காற்று. ப்ளூ ஏஞ்சல்ஸின் ஐந்தாம், ஆறாம் எண் விமானங்கள்தான் தனிச் சாகசம் செய்பவை. அவற்றில் ஒன்று, நாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீரை ஒட்டினாற்போல மணிக்கு சுமார் 1,100 கி.மீ. வேகத்தில் கடக்கும். ஒலியின் வேகத்தை மட்டும் தொடாது. அந்த வேகத்தில் விமானத்தைச் சுற்றி அழுத்தம் சட்டென்று விழும், காற்று குளிரும், அதில் இருக்கும் ஈரம் வெள்ளைக் கூம்பாகத் திரளும். வறண்ட நெவாடா பாலைவனத்தில் இது அபூர்வம். மே மாத அட்லாண்டிக் கரையில், தெற்கிலிருந்து ஈரக் காற்று வீசும் நாளில், கூம்பு பளிச்சென்று தெரியும். ஓசையும் அப்படித்தான். விமானம் நம்மைக் கடந்த பிறகுதான் சத்தம் வந்து சேரும், மொத்தமாக, நெஞ்சில் வந்து இடிக்கும். தண்டர்பேர்ட்ஸும் இதே மாதிரி ஒரு திடீர்ப் பாய்ச்சல் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். இரட்டை எஞ்சினின் கனம் மட்டும் அதில் இல்லை.

மெதுவாகப் பறப்பதில்தான் இரண்டும் எதிரெதிர் குணம். சூப்பர் ஹார்னெட் விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவதற்காகப் பிறந்தது. அதனால் மூக்கை நன்றாக மேலே தூக்கிக்கொண்டு, விழாமல், மெல்ல மெல்ல நகர முடியும். இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் இப்படி எஞ்சின் உறும ஊர்ந்து போவது ப்ளூ ஏஞ்சல்ஸின் நிகழ்ச்சியில் உண்டு. வேகத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் பிடிக்கும். எஃப்-16-இன் கணினி, காற்று வரும் திசையிலிருந்து மூக்கை ஏறக்குறைய 25 பாகைக்கு மேல் தூக்க விடாது. ஆனால் திருப்பத்தில் எஃப்-16-தான் ராஜா. அது 9 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல 9 மடங்கு விசை வரை தாங்கும். சூப்பர் ஹார்னெட்டின் எல்லை 7.5. தண்டர்பேர்ட்ஸின் தனி விமானம் நம் எதிரே ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டம் எவ்வளவு சின்னது என்பதைக் கவனியுங்கள்.

நெருக்கத்துக்கு வருகிறேன். ப்ளூ ஏஞ்சல்ஸின் வைர அணியில் ஒரு விமானத்தின் இறக்கைக்கும் அடுத்ததன் காக்பிட் மூடிக்கும் இடையே சில கணங்களில் 18 அங்குலம்தான் இருக்கும். இதற்காக அவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு விசித்திரமானது. பைலட் கையில் பிடித்து விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கோடு ஒரு சுருள்வில்லைப் பொருத்தி, அது சுமார் 18 கிலோ விசையோடு விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும்படி செய்கிறார்கள். பைலட் வலது முன்கையைத் தொடையில் ஊன்றி, அந்த விசைக்கு எதிராக இழுத்துப் பிடித்தபடியே முழு நிகழ்ச்சியையும் ஓட்ட வேண்டும். கையில் தளர்வே இல்லாததால் சின்ன அசைவும் துல்லியமாக வரும். ரத்தம் கீழே இறங்காமல் கால்களை இறுக்கும் ஜி-சூட்டை அவர்கள் அணியாததற்கும் இதுதான் காரணம். அந்த உடையின் காற்றுப் பைகள் தொடையில் உப்பினால் ஊன்றிய கை நகர்ந்துவிடும். ஆகவே ரத்தம் தலையிலிருந்து கீழே இறங்காமல் இருக்க வயிற்றையும் கால்களையும் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி ஒன்றை மட்டுமே நம்புகிறார்கள். எஃப்-16-இல் ஸ்டிக் வலப்பக்க ஓரத்தில் இருக்கிறது, அது அசைவதே தெரியாது, இருக்கையும் பின்னால் சாய்ந்தது. அதனால் தண்டர்பேர்ட்ஸ் ஜி-சூட் அணிகிறார்கள்.

இது வீரத்தைப் பற்றிய போட்டி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2007-இல் தென் கரோலினாவின் போஃபோர்ட்டில் ஒரு ப்ளூ ஏஞ்சல்ஸ் பைலட் ஜி-விசையில் நினைவு தடுமாறி விழுந்து இறந்தார். 2016 ஜூன் 2 இன்னும் கொடிய நாள். கொலராடோவில் விமானப்படை அகாதமி பட்டமளிப்பு விழாவில் பறந்து திரும்பிய தண்டர்பேர்ட்ஸ் விமானம் ஒன்று விழுந்தது, பைலட் குதித்துத் தப்பினார். அதே நாளில் டென்னசியின் ஸ்மிர்னாவில் பயிற்சியின்போது ப்ளூ ஏஞ்சல்ஸின் ஆறாம் எண் பைலட் ஜெஃப் கஸ் உயிரிழந்தார். மணலில் உட்கார்ந்து கைதட்டும் நாம் இதை மறக்கக் கூடாது. கடலுக்கு மேலே பறக்கும் காட்சியில் பார்வையாளர்களுக்கு ஆபத்து குறைவு. ஆனால் பைலட்டுக்குச் சிரமம் கூடுதல். புழுதி மூட்டம் போன்ற ஈர மூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகிவிட்டால் அடிவானம் தெரியாது. தரையில் இருப்பது போல மரமோ சாலையோ அடையாளத்துக்கு இல்லை. அதனால்தான் படகுகளைக் கடலில் நிறுத்தி காட்சியின் மையத்தையும் அந்த 1,500 அடிக் கோட்டையும் குறிக்கிறார்கள். அவை மீன்பிடிப் படகுகள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மையப் படகுக்கு நேரே இடம் பிடித்தால் மிக நல்ல இருக்கை உங்களுடையது.

சரி, தண்டர்பேர்ட்ஸ் எங்கே மேல்? உயரத்தில். அவர்களின் வைர அணி நேர் செங்குத்தாக ஏறி, நான்கு திசையிலும் பூப்போல விரிந்து இறங்கும். அந்தப் புகைக்கு நடுவே ஒரு தனி விமானம் சுழன்றுகொண்டே மேலே போகும். வெள்ளை உடலில் சிவப்பும் நீலமும் தீட்டிய அந்த விமானங்கள் தெளிந்த வானத்தில் வெயில் பட்டு மின்னும்போது, ப்ளூ ஏஞ்சல்ஸின் அடர்நீலம் கொஞ்சம் மங்கல்தான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஜோன்ஸ் பீச் தெற்கு பார்த்த கரை. மதிய வெயில் நம் எதிர்ப் பக்கம் இருக்கும், விமானத்தின் நிழல் பக்கம்தான் நம்மை நோக்கும். அங்கே வெளிர் நிறம் உதவுகிறது. ஒரு விமானம் தலைகீழாகப் பறக்க, இன்னொன்று அதை ஒட்டி நேராகப் பறக்கும் கலிப்ஸோ என்ற சாகசமும் அவர்களுடையது. தலைகீழாக அதிகம் பறக்கும் ஐந்தாம் எண் விமானத்தில் அந்த 5-ஐயே தலைகீழாக எழுதி வைத்திருப்பார்கள். குழந்தைகளுக்குச் சொல்லிவைத்தால் தேடிப் பார்ப்பார்கள்.

ஆனால் உயரத்தை நம்பும் நிகழ்ச்சிக்கு மேகம்தான் எமன். மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரம் என்று பார்த்து, முழு நிகழ்ச்சியா, தாழ்ந்த நிகழ்ச்சியா, உயரே ஏறாத வெறும் தட்டை நிகழ்ச்சியா என்று இரு அணிகளும் முடிவு செய்கின்றன. ப்ளூ ஏஞ்சல்ஸுக்கு முழு நிகழ்ச்சிக்கு 8,000 அடி தேவை. 1,500 அடி இருந்தால் தட்டை நிகழ்ச்சி மட்டும். மே மாதத்தில் கடல் தண்ணீர் இன்னும் சில்லென்று இருக்கும். ஈரக் காற்று அதன்மேல் வந்தால் மூட்டம் கட்டும், மேகம் தாழும். அந்த மாதிரி நாளில் தண்டர்பேர்ட்ஸ் தங்கள் சிறந்த பாதியை இழந்துவிடுகிறார்கள். ப்ளூ ஏஞ்சல்ஸின் தாழ்வான பாய்ச்சல்களும் ஊர்தலும் மட்டும் மிஞ்சினால்கூட வீட்டிலிருந்து கிளம்பியதற்கு நியாயம் கிடைக்கும். என் தீர்ப்புக்கு அடிப்படையே இதுதான்.

இன்னொன்று. ப்ளூ ஏஞ்சல்ஸோடு ஃபேட் ஆல்பர்ட் என்ற நான்கு எஞ்சின் சி-130ஜே சரக்கு விமானமும் பறந்து காட்டும். ஓட்டுவது மரைன் படையினர். அந்தப் பெரிய உடம்பு தண்ணீருக்கு மிக அருகே இறங்கித் திரும்புவதை நான் விரும்பிப் பார்ப்பேன். தண்டர்பேர்ட்ஸில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. அவர்கள் பெயர்பெற்ற தரைச் சடங்கு, அதாவது ஒரே தாளத்தில் நடந்து வந்து விமானத்தில் ஏறுவது, இந்தக் கடற்கரையில் காணக் கிடைக்காது. ஓடுபாதை வேறிடத்தில் இருக்கிறதே. இரு அணிக்கும் அது நஷ்டம், ஆனால் தண்டர்பேர்ட்ஸுக்குக் கொஞ்சம் கூடுதல் நஷ்டம்.

சென்னை மெரினாவில் 2024 அக்டோபரில் இந்திய விமானப்படையின் சூரியகிரண் அணியைப் பார்த்தவர்கள், "ஒன்பது விமானம் பார்த்த கண்ணுக்கு ஆறு எம்மாத்திரம்" என்பார்கள். சூரியகிரண் ஓட்டுவது ஹாக் பயிற்சி விமானம். கோலம் வரைவதில் அது அழகு. இங்கே வருவது முழுப் போர் விமானம், துப்பாக்கியைக் கழற்றிய இடத்தில் புகை எண்ணெய்த் தொட்டியை வைத்தது. தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போருக்குத் திரும்பும் என்று சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு ரசனை.

இரு அமெரிக்க அணிகளும் ஒன்றாக வருவது அபூர்வம். 2020 ஏப்ரல் 28 அன்று மருத்துவப் பணியாளர்களுக்கு மரியாதையாகப் பன்னிரண்டு விமானங்களும் சேர்ந்து நியூயார்க், நியூவார்க் மேல் பறந்தன. சாகசம் எதுவும் இல்லை, நேராகப் பறந்தன, அவ்வளவுதான். ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அன்றுதான் கிடைத்தது. அப்போது ப்ளூ ஏஞ்சல்ஸ் ஓட்டியது சூப்பர் ஹார்னெட்டைவிடச் சற்றே சிறிய பழைய ஹார்னெட்தான். இருந்தும் உருவத்தில் வித்தியாசம் தரையிலிருந்தே தெரிந்தது.

ஆகவே அணியைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். ப்ளூ ஏஞ்சல்ஸ் வருஷம் என்றால் தென்மேற்குக் காற்றும் இளம் மேகமும் இருக்கிற நாளைத் தவறவிட வேண்டாம், வெள்ளைக் கூம்பு அன்றுதான் கிடைக்கும். தண்டர்பேர்ட்ஸ் வருஷம் என்றால் முன்தினம் மழை பெய்து, வடமேற்குக் காற்று வீசி, வானம் கழுவிவிட்டது போல இருக்கும் நாளுக்குக் காத்திருங்கள். எதுவானாலும் காலையிலேயே போய்விடுங்கள். பார்க்கிங் நிரம்பினால் வருகிற பார்க்வே சாலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தண்ணீர், தொப்பி, பிள்ளைகளுக்குக் காது மூடி, கடல் காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர் எல்லாம் கட்டாயம். அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைக்குமானால் அதையும் யோசியுங்கள். அன்று அணிகள் ஒத்திகைக்காக இதே கடலின் மேல் பறப்பது வழக்கம். கூட்டம் குறைவு. சனியும் ஞாயிறும் மூட்டத்தில் போனாலும், வெள்ளிக்கிழமை பார்த்தது உங்களுக்கு மிச்சம்.