போலி சரக்கு: போலீஸ் புகாரா, சிவில் வழக்கா?

கடலூர், புதுச்சேரி பக்கம் ஊதுபத்தி, சோப்பு என்று சிறு பிராண்டு நடத்துபவர்கள் சங்கத்தில் அடிக்கடி கேட்பது இது. பிராண்டு பெயரை வணிகச் சின்னமாக (டிரேட்மார்க்) பதிவு செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்யட்டும். மற்றவர்களுக்கு:

வேகம்
புகார்: 1999 வணிகச் சின்னச் சட்டப்படி டிஎஸ்பி அந்தஸ்துள்ள அதிகாரி வாரன்ட் இல்லாமலே சரக்கைக் கைப்பற்றலாம். ஆனால் முன்கூட்டியே வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அதற்குள் தகவல் கசிந்தால் குடோன் காலி.
வழக்கு: எதிராளிக்குச் சொல்லாமலே இடைக்காலத் தடை கேட்கலாம், நீதிமன்றம் நியமிக்கும் ஆணையரை அனுப்பிச் சோதிக்கவும் வழியுண்டு.

செலவு
புகாருக்குக் குறைவு. வழக்குக்கு வக்கீல் ஃபீஸே கண்ணைக் கட்டும். சங்கம் பங்கு போட்டால்தான் தாங்கும்.

பலன்
புகார்: 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அபராதம் அரசுக்குத்தான் போகும்.
வழக்கு: நஷ்ட ஈடு உங்கள் கைக்கு.

எல்லை
நம்மூர்த் தலைவலியே இதுதான். புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் போலீஸே வேறு. கடலூரில் கொடுத்த புகார் அங்கே நொண்டும். பதிவான சின்னத்துக்கான வழக்கை, நீங்கள் தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம்.

எதுவானாலும் கடை பில்லோடு, பிரிக்காத பாக்கெட் வேண்டும். பல மாத இடைவெளியில் வாங்கிய பாக்கெட்டுகளில் ஒரே பேட்ச் எண் இருந்தால், சரக்கு போலி என்பதற்கு நல்ல சாட்சி.

போலி உறை அச்சடிக்கும் இடமும் குடோனும் தெரிந்திருந்தால் புகார். ஆள் யாரென்று தெரிந்து, சரக்கு எல்லை தாண்டி வருகிறதென்றால் வழக்கு. போலியை விற்கும் பெட்டிக்கடைக்காரர் மீது இரண்டுமே வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் போதும்.