கொல்லை மணலா, மாடிப் பையா?

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வீட்டுத் தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் முட்டிக்கொண்டு நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

செலவு
கொல்லை: மண்வெட்டியும் நாலு கூடை ஆட்டுப்புழுக்கையும் போதும்.
மாடி: பை, செம்மண், தென்னைநார்க் கழிவு, எரு, எல்லாமே காசு.

தண்ணீர்
கொல்லை: மணல் குடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் கிணற்றுத் தண்ணீர் விட்டுப்போகும் உப்பை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிக் கீழே இறக்கிவிடும்.
மாடி: குறைவாக ஊற்றினால் போதும், ஆனால் உப்பில்லாத நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் ஏமாந்தேன். வெண்டைப் பைக்குக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினேன். மூன்றாம் வாரம் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. பையின் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிப்பு! தென்னைநார்க் கழிவிலும் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசாமல் நிரப்பாதீர்கள்.

காற்று
கொல்லை: வேலியோரம் தப்பிக்கும்.
மாடி: ஆடிக் காற்றில் தக்காளி நிற்காது.

சரி, யாருக்கு எது? இடம் இருந்தால் முருங்கை, கத்தரி, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம குண்டு மிளகாய், எல்லாம் கொல்லைக்கே. மழைநீர்த் தொட்டி இருக்கிற மாடி வீட்டுக்காரர்கள் புதினா, கொத்தமல்லி, கீரை என்று பையில் வைக்கலாம். கோழி வளர்க்கிற வீடா? அப்போது கேள்வியே இல்லை, கீரை மாடிக்குத்தான்.