மலையில் ஏற்றாமல் வாங்காதீர்கள்: பழைய ஹைபிரிட் கார் தேடுகிற மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பாவித்த ஹைபிரிட் கார் (பெற்றோல் எஞ்சினோடு பட்டரியும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற கார்) தேடிக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு விற்ற இடத்தின் பெயரை எழுதவில்லை, முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. காரின் மாடலையும் எழுதவில்லை. அந்தக் காரைச் செய்த கம்பனி மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. பெயரைச் சொன்னால் அதே கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் வீண் பயம்தான் வரும். விற்றவர் எதை, எப்படி மறைத்தார் என்பதுதான் உங்களுக்குத் தேவை. அதே வேலையை எந்த ஹைபிரிட்டிலும் செய்யலாம்.

வீடு கல்லடியில், வேலை கல்முனையில். தினமும் காத்தான்குடிச் சனநெரிசலுக்குள் ஊர்ந்து போய், ஆரையம்பதி தாண்டித்தான் கொஞ்சம் மிதிக்கலாம். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது காருக்கு முதலில் வாரம் 20 லீற்றர்தான் தந்தார்கள். அந்தக் காலத்தைக் கடந்தவர்களுக்கு எண்ணெய் குடிக்காத கார் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு: எனக்குக் கார் ஓட்டுவது மிகவும் பிடிக்கும். கரடியனாறு தாண்டி மகா ஓயா போகிற ரோட்டில் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் தெரியும். சின்னதாக, பாரம் குறைவாக, ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் சொல்கேட்டுத் திரும்புகிற ஒரு கார். எண்ணெயும் மிச்சம் பிடிக்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

பார்த்த கார்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வேகன் ஆர் டவுனுக்கு அருமை. 658 சிசி எஞ்சின், உள்ளே நல்ல இடம். ஆனால் உயரமான உடம்பு, வளைவில் சாய்கிறது. ஓட்டுகிற சுகம் தேடுகிறவருக்கு அது சரிவராது. 1.0 லீற்றர் விட்ஸ் மூன்று சிலிண்டர், 69 குதிரை வலு. முந்துவதற்கு முன் யோசிக்க வேண்டும், ஆனால் வருத்தம் வராத கார். ஜப்பான் 1.2 லீற்றர் ஸ்விப்ட் 900 கிலோவைச் சுற்றித்தான் எடை. நான் ஓட்டிப் பார்த்ததில் அதன் ஸ்டியரிங்தான் கையோடு பேசியது. இவற்றுக்கு மேலே முழு ஹைபிரிட்கள், அதாவது மோட்டாரால் மட்டுமே கொஞ்ச தூரம் ஓடக்கூடியவை: அக்குவா, ஃபிட். ஜப்பானின் ஜேசி08 எண்ணெய்ச் சோதனையில் 2013 கடைசியில் வந்த அக்குவா லீற்றருக்கு 37 கிலோமீற்றர் வரையும் அதே ஆண்டு வந்த ஃபிட் ஹைபிரிட் 36.4 வரையும் காட்டின. விற்கிறவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கைத்தான் வாயில் வைத்திருக்கிறார்கள். அது ஆய்வுகூடத்தில் எடுத்த அளவு. நம் வெயிலில், ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு 20, 22 வந்தாலே நல்ல கார்.

நான் எடுத்தது 2014ஆம் ஆண்டு முழு ஹைபிரிட் ஒன்று. காத்தான்குடி நெரிசலில் நின்று நின்று போகிற ஓட்டத்துக்கு ஹைபிரிட்தான் லாபம், அந்தக் கணக்கு இன்றைக்கும் சரி.

விற்பனை நடந்த விதத்தைக் கவனமாக வாசியுங்கள். சொன்ன நேரத்துக்குப் போனபோது கார் கழுவித் துடைத்து, ஸ்டார்ட்டில் நின்றது. "ஏசி கூலா இருக்கட்டும் என்று போட்டு வைத்தோம் சேர்" என்றார் விற்றவர். ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். தன் ஆளைப் பக்கத்தில் இருத்தி, கல்லடிப் பாலம் வரை போய்த் திரும்பச் சொன்னார். காரின் கணினியில் பிழை பதிந்திருக்கிறதா என்று ஸ்கேன் பண்ணிக் காட்டச் சொன்னேன். ஒரு கராஜுக்குக் கூட்டிப் போனார்கள், பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்று அச்சடித்த தாளே தந்தார்கள். கார் ஜப்பானில் ஏலம் போனபோது அதன் தரத்தையும் மீற்றரையும் எழுதிய ஏலத் தாள் கேட்டேன், அதுவும் வந்தது: தரம் 4, மீற்றர் 41,000. காரில் அப்போது 78,000 காட்டியது. எல்லாம் பொருந்தியது.

முதல் மாதங்களில் ஒரு குறையும் இல்லை. கல்முனைக்குப் போகவும் வரவும் கார் பூப்போல ஓடியது. மகளைப் பேராதனைக் கம்பசில் விடுவதற்குக் கண்டிக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. செங்கலடியில் திரும்பி, மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை வரை பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு 18 வளைவு ஏற்றம். பாதி வளைவு ஏறுவதற்குள், திரையில் பட்டரியின் அளவைக் காட்டுகிற கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கி அடிக்கு வந்துவிட்டன. பின் இருக்கைப் பக்கம் விசிறி இரைந்தது. எஞ்சின் ஒரேயடியாகக் கத்தியது. பிறகு சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு. பின்னால் லொறி, முன்னால் கொண்டை வளைவு, கால் மிதிக்க மிதிக்கக் கார் இழுக்கவில்லை. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஓரம் கட்டி ஆறவிட்டு, மெதுவாக ஹுன்னஸ்கிரிய வரை ஏறினோம். அங்கிருந்து இறக்கத்தில் அதே பட்டரி கொஞ்ச நேரத்துக்குள் நிறைந்துவிட்டதாகக் காட்டியது. ஏற்றத்தில் சட்டென்று காலி, இறக்கத்தில் சட்டென்று நிறைவு. பட்டரியின் கொள்ளளவு செத்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

ஊருக்கு வந்து, காத்தான்குடியில் ஹைபிரிட் வேலை செய்கிற ஒரு காக்காவிடம் கொண்டுபோனேன். எனக்கு முன் அறிமுகம் இல்லாதவர். பின் இருக்கையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குள்ள இரிக்கிறதெல்லாம் ஒரே வயசு இல்ல. நாலஞ்ச மட்டும் மாத்தி வெச்சிரிக்காங்க. மிச்சமெல்லாம் பழசு" என்றார். மூடியின் திருகாணிகளில் ஏற்கெனவே கழற்றிய தழும்பு இருந்தது. பட்டரித் துண்டுகளை இணைக்கிற தகடுகளில் சில பளபளவென்றும் சில பச்சை பிடித்தும் இருந்தன.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. அந்தக் காலத்து ஹைபிரிட்களில் அக்குவா உட்படப் பலவற்றில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பட்டரி. அக்குவாவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், வரிசையாக இணைத்து மொத்தம் 144 வோல்ட். ஒன்றிரண்டு தொகுதி பழுதானால் கார் எச்சரிக்கை விளக்கு போடும். முழுப் பட்டரி மாற்றப் பல இலட்சம் வேண்டும் என்பதால், வேறு பழைய பட்டரியிலிருந்து சில தொகுதிகளைக் கழற்றி, செத்தவற்றின் இடத்தில் போட்டுவிடுகிறார்கள். கிழட்டு மாட்டையும் இளம் மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான். சமதரையில் வண்டி ஓடும். ஏற்றத்தில் பழையது முதலில் படுத்துவிடும், அப்போது தொகுதிகளுக்கிடையே வோல்ட் வித்தியாசம் கூடி விளக்கு எரியும்.

ஸ்கேன் தாளில் பிழை இல்லாமல் இருந்ததன் இரகசியமும் இதில்தான் இருக்கிறது. ஸ்கேன் கருவியால் குறியீடுகளை அழிக்கலாம். அழித்த பிறகு, பட்டரிக்கு மறுபடி கடும் பாரம் கிடைக்கும் வரை அது திரும்பிப் பதியாமல் இருக்கலாம். கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கடலோர வீதியை நினைத்துப் பாருங்கள். எங்கே ஏற்றம் இருக்கிறது? நம் ஊரில் பாலத்தைத் தவிர மேடு கிடையாது. பழுதான ஹைபிரிட்டை விற்க இதைவிட வசதியான மண் இல்லை என்பது அந்த வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஓட்டிப் பார்க்கிற பாதையையும் நேரத்தையும் ஸ்கேன் பண்ணுகிற கராஜையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். என் கோபமெல்லாம் இதன் மேல்தான். பிள்ளை குட்டியோடு மலை ரோட்டில் நிற்கப்போகிறார்கள் என்று தெரிந்தே விற்கிறார்கள்.

மீற்றர் கதையும் பின்னால் வெளிவந்தது. செசி இலக்கத்தைக் கொடுத்து, காசு கட்டி, மூல ஏலத் தாளை எடுப்பித்தேன். அதில் கார் ஜப்பானில் ஏலம் போனபோதே 112,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. எனக்குக் காட்டிய தாள் வேறு எதையோ வெட்டி ஒட்டிச் செய்தது. 2020 மார்ச்சில் கார் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அத்தனை வருடமும் இருந்த கார்களேதான் கைமாறிக்கொண்டிருந்தன, விலை மட்டும் ஏறியது. பத்து வருடக் காரை ஐந்து வருடக் கார் போலக் காட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காரைக் கொண்டுபோய்க் கேட்டபோது விற்றவரின் பேச்சே மாறிவிட்டது. "சேர், நான் இடையில நிண்ட புரோக்கர் மட்டும்தான், ஓனர் கம்பஹாவில" என்றார். பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை, உண்மைதான். ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட தாள்களோடு கைமாறி வந்த கார். அவர் தந்த பற்றுச்சீட்டிலும் தொகை மட்டும்தான், மீற்றரைப் பற்றியோ பட்டரியைப் பற்றியோ ஒரு எழுத்து இல்லை. பொலிசில் முறைப்பாடு செய்தேன். மாவட்டச் செயலகத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுத்தேன். அந்த முறைப்பாட்டை, பொருளை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும், இதை மறக்காதீர்கள். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. போலி ஏலத் தாளையும் மூலத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்ததால்தான் என் முறைப்பாடு நிற்கிறது. விற்பவர் தருகிற எந்தத் தாளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது. போவதற்கு முன் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், காரை ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கச் சொல்லி. முன்கூட்டியே ஓடவிட்டால் முதல் ஸ்டார்ட்டில் தெரிகிற குறை மறைந்துவிடலாம். போனவுடன் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு நீங்கள் தெரிவு செய்த கராஜ். அங்கே குறியீடு இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், கார் ஓடும்போது பட்டரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ட்டையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். பாரம் ஏறும்போது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக விழுந்தால் அந்தக் காரை விட்டுவிடலாம். பின் இருக்கைப் பக்கம் பட்டரிக்குக் காற்றுப் போகிற துவாரம் இருக்கும், அதில் தூசியும் நூலும் அடைத்திருந்தால் பட்டரி பல காலம் வெந்திருக்கிறது என்று அர்த்தம். ரயரில் உள்ள நாலு இலக்கம் அதை எந்த வாரம், எந்த வருடம் செய்தார்கள் என்று சொல்லும். மீற்றர் 40,000 என்று காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் மழுங்கியிருக்கக் கூடாது. மாரியில் வெள்ளம் பார்க்கிற ஊர் நம்முடையது, ஆகவே சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பெற்றோல் செலவை நீங்கள் தருவதாகச் சொல்லி, மகியங்கனை வரை போய் நாலைந்து வளைவாவது ஏறுங்கள். ஒரு நாள் போகும். விற்பவர் மறுத்தால் மறுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதென்றால், முழு ஹைபிரிட்டை விட்டுவிட்டு விட்ஸ், ஸ்விப்ட் போன்ற சாதாரண பெற்றோல் காரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். லீற்றருக்கு நாலைந்து கிலோமீற்றர் குறையும், பின் இருக்கைக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற கவலை இருக்காது.

நான் புதுப் பட்டரி போட்டுக்கொண்டேன், மூன்று இலட்சத்துக்கு மேல் போனது. கார் இப்போது நன்றாக ஓடுகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன், விசாரணைக்கு அடுத்த மாதம் கூப்பிட்டிருக்கிறார்கள். முடிவு எதுவானாலும் இதிலேயே எழுதுகிறேன். கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கார் பார்க்கப் போகிறவர்கள் யாராவது ஏலத் தாள் எடுப்பிப்பது எப்படி என்று தெரிய வேண்டுமானால் கேளுங்கள், நான் செய்த முறையை அப்படியே சொல்லித் தருகிறேன்.